எபிசோடைப் பற்றி மட்டும் பேசிய இரண்டு வருஷம்

ஒரகடத்தில் என் மெஸ்ஸுக்குப் பகல் மூன்று மணிக்கு வந்து பாருங்கள், தலை சுற்றும். முதல் மேசையில் ஒருவன் இட்லி தின்றுகொண்டிருப்பான். நைட் ஷிப்டு முடித்துத் தூங்கி எழுந்து இப்போதுதான் பல் விளக்கியிருக்கிறான். அவனுக்கு அது விடியற்காலை. அடுத்த மேசையில் காலை ஷிப்டு விட்டு வந்தவன் சோறும் சாம்பாரும் பிசைவான், அவனுக்கு மத்தியானம். மூலையில் ஓ.டி. சேர்த்து இரண்டு ஷிப்டு நின்றவன் கண் சொருகிப்போய் சப்பாத்தியைப் பிய்ப்பான்; அவனுக்கு அது ராச்சாப்பாடு. சங்கரன்கோவில் பக்கம் எங்கள் ஊரில் சூரியனைப் பார்த்துச் சாப்பிட்டோம். இங்கே கழுத்தில் தொங்கும் அட்டையைப் பார்த்துச் சாப்பிடுகிறார்கள். இந்த மூன்று வேளைக்காரர்களுக்கும் பொதுவாக என் சுவரில் ஒரு டிவி ஓடும். அதில் மூன்று மணி சீரியல்.

நான் நாலாம் வகுப்போடு நின்றவன். இந்தப் பக்கம் கம்பெனிகள் எழும்பிக்கொண்டிருந்த காலத்தில் சைக்கிளில் டீ கேனும் ஒரு தூக்கு வடையும் கட்டிக்கொண்டு ஒவ்வொரு கம்பெனி கேட்டிலும் நின்றேன். இன்றைக்கு மூன்று மாடி. கீழே மெஸ், மேலே பையன்கள் தங்கும் அறைகள். நூறு பேருக்கு அரை மணி நேரத்தில் தட்டு போட்டு எடுப்பேன், ஒருத்தருக்கும் ரசம் ஆறியிருக்காது. இதை நான் பெருமைக்குச் சொல்லவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். பெருமைக்குத்தான் சொல்கிறேன். யார் கை கொடுத்தும் நான் எழுந்திருக்கவில்லை.

சீரியல் பார்ப்பதிலும் நான் அப்படித்தான். ஒரு எபிசோடு பார்த்தால் அடுத்த நாலு எபிசோடு எந்தப் பக்கம் போகும் என்று சொல்லிவிடுவேன். டிப்ளமோ படித்த பையன்கள் ஷிப்டுக்குப் போகும்முன் என்னிடம் கேட்டுவிட்டுப் போவார்கள். அந்தச் சீரியலில் மரகதம் என்றொரு தங்கை, ராசப்பன் என்றொரு அண்ணன். அண்ணன் பட்டணத்தில் பணக்காரன் ஆனவன். தங்கை ஊரில் கஷ்டப்படுகிறவள். அதில் ஒருநாள் மரகதம் இருபது பேருக்குச் சாம்பார் வைத்தாள். கரண்டி போன வேகத்திலேயே கண்டுபிடித்துவிட்டேன், அண்டா காலி. இருபது பேருக்கான சாம்பாரைக் கிண்டினால் தோள்பட்டை இறங்கும். இன்னொரு எபிசோடில் கன்னத்தில் விழுந்த ஒரே அறையை மூன்று பக்கத்திலிருந்து மூன்று தடவை காட்டினார்கள். வாங்கியவளுக்கு ஒரு தடவைதான் வலித்திருக்கும், பார்த்த நமக்கு மூன்று. ஆனால் கிணற்றடி எபிசோடு என்று ஒன்று வந்தது. அதில் மரகதம் வாளியைக் கீழே வைத்துவிட்டு, அண்ணன் போன பாதையையே பார்த்துக்கொண்டு நின்றாள். வசனமே இல்லை. அதுதான் எபிசோடு. அதை எடுத்தவன் எங்கேயோ தங்கையை விட்டுவிட்டு வந்தவனாக இருக்க வேண்டும்.

இந்த அபிப்பிராயங்களை எல்லாம் முதலில் நான் சொல்வது மெஸ்ஸில் இருப்பவர்களுக்கு அல்ல. ஊரில் இருக்கும் என் தங்கச்சி பேச்சியம்மாளுக்கு.

அவளுக்கும் எனக்கும் நடுவில் ஆறு வருஷம் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தது. அவள் மகள் கல்யாணத்துக்கு நான் போகவில்லை. தாய்மாமன் நான் ஒருவன்தான். மாமன் மாலை எடுத்துப் போட்டு பெண்ணை மணவடைக்குக் கூட்டிப் போக வேண்டியவன். பத்திரிகை என் செல்போனில் போட்டோவாக வந்தது. பின்னாலேயே அவள் குரல்: "அண்ணே, வந்திருங்க." அவ்வளவுதான். வெற்றிலை பாக்கு இல்லை, தாம்பாளம் இல்லை, வாசல் தேடி ஒரு ஆள் இல்லை. எனக்குக் காந்திவிட்டது. ஊரில் ஒன்றுமில்லாமல் கிளம்பினவன் என்றுதானே இந்த இளக்காரம் என்று நினைத்தேன். அப்போது என் மனைவி உயிரோடு இருந்தாள். "போய்த்தான் வாங்களேன்" என்றாள். நான் போகவில்லை. மாலையை ஒன்றுவிட்ட சித்தப்பா மகன் எடுத்துப் போட்டானாம்.

மரியாதை விஷயத்தில் இந்த மண்ணும் என்னை முதலில் படுத்தியது. நான் மெஸ்ஸுக்கு இடம் கேட்டுப் போனபோது, மண்ணூரைச் சேர்ந்த இடத்துக்காரர், என்னைவிடப் பத்து வயது இளையவர், "இன்னா, சாப்பாட்டுக் கடை போடப் போறியா? வா, குந்து" என்றார். எனக்கு முகம் சிவந்துவிட்டது. எங்கள் பக்கம் பெற்ற மகளைக்கூட 'வாங்க தாயி' என்போம். "இடம் வேண்டாம்" என்று எழுந்துவிட்டேன். மனிதர் ஒன்றும் புரியாமல் ரோடு வரைக்கும் பின்னாலேயே வந்தார். "வாடகை ஜாஸ்தின்னு நெனச்சியா? நீ சொல்லு, கொறச்சுக்கறேன்." அந்த நேரம் பார்த்து அவருடைய அப்பா கோலூன்றி வந்தார். "நைனா, வெயில்ல எங்க போற நீ? வூட்டாண்ட போ" என்று அதட்டினார் மகன். அப்பாவுக்கே 'நீ'தான் என்றால் எனக்கு மட்டும் என்ன? திரும்பிப் போய் உட்கார்ந்தேன். பிறகு விலைக்கே வாங்கிய அந்த இடத்தில்தான் இன்றைக்கு இந்த மூன்று மாடி நிற்கிறது. ஊரார் பேச்சைப் பொறுத்துக்கொள்ளக் கற்றவன், உடன்பிறந்தவள் பேச்சைப் பொறுக்கவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒருநாள் சாயங்காலம் போன் அடித்தது. ஆறு வருஷம் கழித்து அவள் பெயர்.

"அண்ணே, மூணு மணி நாடகம் பாத்தீயளா? இங்க கரண்டு போயிட்டு. அந்தப் புள்ளைக்கி என்னாச்சி?"

சின்ன வயதில் அவளைக் கொட்டகைக்கு அனுப்ப மாட்டார்கள். நான் பார்த்துவிட்டு வந்து சண்டை, பாட்டு, சிரிப்பு எல்லாம் நடித்துக் காட்டுவேன். படத்தைவிட நான் சொல்வதுதான் நன்றாக இருக்கும் என்பாள். அன்றைக்கும் முழு எபிசோடையும் சொன்னேன். இருபத்திரண்டு நிமிஷ எபிசோடு, நான் சொல்லி முடிக்க முக்கால் மணி ஆனது. "சரிண்ணே" என்று வைத்துவிட்டாள். மறுநாள் கரண்டு இருந்தது. அன்றைக்கும் கூப்பிட்டாள்.

இப்படியே இரண்டு வருஷம். சீரியலைத் தவிர ஒரு வார்த்தை கிடையாது. சாப்பிட்டாயா என்று நானும் கேட்கவில்லை, எப்படி இருக்கீய என்று அவளும் கேட்கவில்லை. மரகதத்தையும் ராசப்பனையும் பற்றித்தான் பேசினோம்.

"அந்த அண்ணன்காரன் ஒரு தடவ வந்து எட்டிப் பாத்திருக்கலாம்" என்பாள்.

"அவனுக்கு அங்க என்ன சோலியோ, நமக்கு என்ன தெரியும்?" என்பேன்.

"சோலி எல்லாருக்குந்தான் இருக்கு."

மெஸ்ஸில் காய் நறுக்கும் கன்னியம்மா இதையெல்லாம் கேட்டுக்கொண்டே இருப்பாள். வல்லக்கோட்டைக்காரி, வாய் நீளம். "இன்னா அண்ணாச்சி, நாடகக்காரனுக்கு வக்கீலா நீ? அவனுக்காக இப்படி வாதாடிக்கினு கீறியே" என்பாள். "உன் வெண்டைக்காயைப் பார்" என்பேன்.

போன ஆடிக்குப் பிறகு கதையில் மரகதத்துக்கு வயிற்றில் கட்டி என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். எனக்கு வெறுத்துவிட்டது. பேச்சியிடம் சொன்னேன்: "ஆஸ்பத்திரி எபிசோடு வந்துட்டாலே கதையில சரக்கு தீந்துபோச்சுன்னு அர்த்தம். அவ படுத்திருக்கத பாத்தியா? கண்ணு மை கூட அழியல."

"அவ பொழச்சுக்கிடுவாளாண்ணே?" என்றாள்.

"நூத்துக்கு நூறு. அவ போயிட்டா நாடகம் ஏது? எத்தன பாத்திருக்கேன் நானு."

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்." அப்புறம் சொன்னாள்: "நாளைக்கு நான் பாக்க மாட்டேன். நீங்க பாத்து வைங்க. நாலு நாள் கழிச்சிக் கூப்பிடுதேன், மொத்தமாச் சொல்லுங்க."

கேபிள்காரனோடு தகராறாக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த நாலு எபிசோடைச் சொல்லத் தெரிந்தவனுக்கு அந்த ஒரு வாக்கியத்தின் அர்த்தம் தெரியவில்லை.

மறுநாள் எபிசோடில் ராசப்பன் ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் வந்து திரும்பிவிட்டான். எனக்குப் பொறுக்கவில்லை. நாலு நாள் காத்திருக்க முடியாமல் நானே கூப்பிட்டேன். எடுத்தது அவள் மகள். நான் எந்தக் கல்யாணத்துக்குப் போகவில்லையோ, அந்தப் பெண்.

"மாமா... அம்மைய ஆப்பரேசனுக்கு உள்ள கொண்டுபோயிருக்காவ. பாளையங்கோட்டையில இருக்கோம். வயித்துல கட்டி."

"ஏன் தாயி ஒரு வார்த்த சொல்லல?"

"அம்மதான் சொல்லக் கூடாதுன்னுட்டா. போன்ல சொன்னா அண்ணன் மரியாதக் கொறச்சலா நெனப்பாக, நேர்ல வந்து சொல்ல நம்மகிட்ட ஆளு இல்லன்னா."

அந்தப் பெண் குத்திக் காட்டச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னாள். போனை வைத்துவிட்டு அப்படியே நின்றேன். கன்னியம்மா கத்தியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தாள். விஷயத்தைச் சொன்னேன். யாரும் என்னை வரச் சொல்லவில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னேன். வெட்கத்தை விட்டு எழுதுகிறேன், சொன்னேன்.

"தாம்பாளத்துல வச்சிக் குடுத்தாத்தான் போவியா?" என்றாள். "கூடப் பொறந்தவ வயித்த அறுத்துக்கினு கீறாங்க. இன்னாய்யா மனுசன் நீ! கெளம்பு. மெஸ்ஸ நான் பாத்துக்கறேன்."

தாம்பாளம் என்றதும்தான் எனக்கு உறைத்தது. பேச்சி அந்தக் கல்யாணத்துக்கு முன்பே புருஷனை இழந்தவள். எங்கள் பக்கத்தில் புருஷன் இல்லாதவள் தாம்பாளம் எடுத்துக் கல்யாணத்துக்கு அழைக்கப் போக மாட்டாள், போக விடமாட்டார்கள். அவளுக்கு மகனும் இல்லை. அந்த வீட்டில் தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு வாசல் வாசலாகப் போய் அழைக்க வேண்டிய ஆண்பிள்ளை நான்தான். நானே போய் எல்லாரையும் அழைத்திருக்க வேண்டிய கல்யாணத்துக்கு, என்னை அழைக்கவில்லை என்று இங்கே மூன்று மாடிக்குள் உட்கார்ந்திருந்தேன். சைக்கிளில் டீ விற்றவன் மாடி கட்டினான் என்று எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன். இதை இத்தனை வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொள்ளவில்லை.

போட்டிருந்த சட்டையோடு பஸ் ஏறினேன். பொழுது விடிந்தபோது பாளையங்கோட்டை. பேச்சி கண் விழித்திருந்தாள். கண்ணில் மை இல்லை. உதடு வெடித்து, கன்னம் ஒட்டி, டிவியில் எந்த மரகதமும் படுக்காத மாதிரி கிடந்தாள். என்னைப் பார்த்ததும் போர்வையை இழுத்துத் தோளை மூடப் பார்த்தாள். கையில் குழாய் இருந்ததால் முடியவில்லை. நான் மூடிவிட்டேன். கட்டி கெட்டதில்லை என்று டாக்டர் மூன்றாம் நாள் சொன்னார்.

வீட்டுக்குக் கூட்டி வந்து எட்டு நாள் கூடவே இருந்தேன். ஊர் எனக்குக் கொஞ்சம் தடுமாற்றமாக இருந்தது. கடையில் நான் "இன்னா விலை" என்று கேட்டதற்குக் கடைக்காரப் பையன், "மெட்ராஸ்ல இருந்து யாரைப் பாக்க வந்திருக்கீய?" என்றான். அவன் நிற்கும் கடைக்கு எதிரேதான் நான் பிறந்த வீடு இருந்தது. எட்டு நாளும் பேச்சிக்குக் கஞ்சி வைத்தேன், மாத்திரை எடுத்துக் கொடுத்தேன். ஆனால் பேச்சு வரவில்லை. போனில் முக்கால் மணி நேரம் பேசுகிறவர்கள், நேருக்கு நேர் இருந்தால் "உப்பு போதுமா", "போதும்". அதற்கு மேல் நாக்கு எழவில்லை.

எட்டாம் நாள் மூன்று மணிக்கு இரண்டு பேரும் ஒரே அறையில் சீரியல் பார்த்தோம். உருப்படியில்லாத எபிசோடு. ஒரு பட்டுச்சேலை காணாமல் போய், கடைசியில் அதே பெட்டியில் கிடைத்தது. முடிந்ததும் விளம்பரம் ஓடியது. பேச்சி வயிற்றைக் கையால் தாங்கிக்கொண்டு மெதுவாக எழுந்து கொல்லைப்பக்கம் போனாள். கொஞ்ச நேரத்தில் என் போன் அடித்தது. அவள் பெயர்.

"அண்ணே, இன்னைக்கு நாடகம் பாத்தீயளா?"

"பாத்தேன். சப்ப எபிசோடு. ஒரு சேலையத் தேடியே ஓட்டிட்டான்" என்றேன்.

"எனக்கும் அப்படித்தான் தெரிஞ்சிது."

"அந்த ராசப்பன் செஞ்சது தப்பு, பேச்சி."

"எதுண்ணே?"

"தங்கச்சி மக கல்யாணத்துக்கு வராதது. தாம்பாளத்தோட யாரும் வரலன்னு வீம்புக்கு உக்காந்திருந்தாம்லா? தாம்பாளத்தத் தூக்க வேண்டியவனே அவன்தான்."

ஜன்னலில் அவள் முதுகு தெரிந்தது. துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்திருந்தாள்.

"நாடகத்துல அப்படி ஒண்ணும் வரலியே, அண்ணே."

"வரலதான்."

"ம்" என்றாள். முந்தானையால் முகத்தைத் துடைப்பது தெரிந்தது. "சரி, சொல்லுங்க. நான் ஆஸ்பத்திரியில கெடந்த நாள்ல என்னென்ன நடந்துச்சி?"

ஆஸ்பத்திரிக்கு எதிர் டீக்கடை டிவியில் அவளுக்காகப் பார்த்து வைத்திருந்ததைச் சொல்ல ஆரம்பித்தேன். நடுவில் அவள் "ம்" கொட்டியது முதலில் ஜன்னல் வழியாக வந்தது. அதே "ம்" எங்கோ டவருக்குப் போய்ச் சுற்றிக்கொண்டு, ஒரு மூச்சு பிந்தி, போனுக்குள்ளும் வந்தது. எழுந்து நாலு எட்டு வைத்தால் கொல்லை. எழுந்திருக்கவும் முடியவில்லை, போனை இறக்கி வைக்கவும் மனம் வரவில்லை. ஒரு காதை ஜன்னலுக்கும் ஒரு காதைப் போனுக்கும் கொடுத்து, அவளை இரண்டு இரண்டு தடவையாகக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.