ஏழாம் கட்டத்தில் விட்டுப் போன குலம்

அன்று காலை குலத்துக்கு நான் மூன்று தடவை தொலைபேசி எடுத்தேன். மூன்று தடவையும் மணி அடித்து ஓய்ந்தது. ஒன்பது மணிக்குக் கமராவோடு வருகிறேன் என்று முதல் நாளே சொல்லி வைத்திருந்தேன். மனுசன் வழமைபோல யாருடைய கூரையிலோ ஏறி அன்ரனா கட்டுகிறார் என்று வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டு நான்காம் தடவை எடுத்தேன். பேசியது அவருடைய மனைவி. என் மனைவியின் தங்கை. "அத்தான், விடியப்புறம் நெஞ்சு நோகுது எண்டவர். ஆசுப்பத்திரிக்குக் கொண்டு போக முன்னமே போயிட்டார்" என்றாள்.

சுன்னாகத்தில் ரீவி, கிரைண்டர், மின்விசிறி என்று எதையாவது திருத்தக் கொடுத்த உங்கள் எல்லோருக்கும் என் சகலன் குலசிங்கத்தைத் தெரியும். அவருடைய கடை மூலையில் நின்ற ஆளுயர விளையாட்டு மெசினையும் தெரியும். கொழும்பில் ஒரு விளையாட்டுக் கூடத்தை மூடியபோது பழுதாய்க் கிடந்ததை வாங்கி வந்து ஓட வைத்தவர். நாணயம் போட்டால் விண்கலம் ஒன்று வரும். சுட்டுக்கொண்டே ஏழு கட்டங்களைக் கடக்க வேண்டும். குலம் ஏழையும் கடப்பார். இப்படிப் பழைய மெசின்களில் விளையாடி முடித்தவர்களின் பெயரைப் பதிந்து வைக்கும் குழு ஒன்று வெளிநாட்டில் இருக்கிறது. வெட்டாமல் ஒட்டாமல் எடுத்த வீடியோ வேண்டும், திரை முழுவதும் தெரிய வேண்டும் என்பது அவர்களுடைய நிபந்தனை. குலத்தின் பெயரை அந்தப் பட்டியலில் ஏற்றியே தீருவது என்று எனக்கு வைராக்கியம் வந்தது. அவருக்கு வரவில்லை என்பதுதான் பிரச்சினை.

கம்பியூட்டரில் இதே விளையாட்டு இருக்கிறது, பதிவதும் சுலபம் என்று சொல்லிப் பார்த்தேன். "அது படம், ஐசே. இது மெசின்" என்று கதையை முடித்துவிட்டார். பழைய படக்குழாய்த் திரையைப் பதியும்போது குறுக்கே ஓடும் கறுப்புப் பட்டையைக் கமராவில் அடக்கவே எனக்கு ஒரு கிழமை எடுத்தது. கண்ணாடியில் வெளிச்சம் விழாமல் கறுப்புத் துணியொன்றைப் போட்டு, அதற்குள் இரண்டு பேரும் வியர்த்து ஒழுகிக்கொண்டு நின்றோம். ஐந்தாம் கட்டம் போகையில் ஒரு அம்மா கிரைண்டரோடு வந்தார். நாளைக்கு வரச் சொல்லியிருக்கலாம். இவர் துணிக்குள் நின்றபடியே, அதைச் செருகிப் போடச் சொன்னார். சத்தத்தை வைத்தே பழுதைச் சொல்லுவாராம். அந்த அம்மா செருகினார். ட்ரிப் சுவிச் விழுந்து கடை முழுவதும் கரண்ட் நின்றுபோனது. நான் தலையில் கை வைத்துக்கொண்டு நிற்க, மோட்டார் எரிந்திருக்கிறது என்று அவர் ஆறுதலாக விளக்கிக்கொண்டிருந்தார்.

பிறகு நவராத்திரி முடிவில் வாணி விழா வந்தது. கடையில் பூசை செய்த ஐயர் மெசினையும் விடவில்லை. கண்ணாடியின் மேல் மூலையில் சந்தனப் பொட்டு வைத்து, அதன் நடுவில் குங்குமமும் வைத்தார். விளையாடுபவரின் புள்ளிகள் தெரியும் இடம் அதுதான். துடைத்துவிட்டு எடுப்போம் என்றேன். "ஐயர் வைச்சதை நான் அழிக்கிறதோ? தானா உதிரட்டும்" என்றார். ஒரு கிழமை பார்த்தேன், உதிரவில்லை. பொறுமை கெட்டு அப்படியே பதிந்தேன். அன்றைக்கென்று பார்த்து மனுசன் ஏழு கட்டத்தையும் முடித்தார். புள்ளிகள் தெரியவில்லை, மூலையில் உள்ள மஞ்சள் அழுக்கை அகற்றிவிட்டு மீண்டும் அனுப்புங்கள் என்று அந்தக் குழுவிடமிருந்து பதில் வந்தது. அழுக்கு என்று எழுதியவர்கள்மேல் அவருக்குக் கோபம். எனக்கு அவர்மேல்.

கடைசித் தடவை போன மாதம். பொட்டு உதிர்ந்திருந்தது. மூன்று உயிரும் குறையாமல் ஏழாம் கட்டத்தின் பாதிக்கு வந்துவிட்டார். அப்போது வீதியில் பறைச் சத்தம் கேட்டது. பிரேதம் போகையில் எங்கள் கடைக்காரர்கள் கதவைப் பாதி சாத்திவிட்டு வெளியே வந்து நிற்பார்கள். குலம் மெசினிலிருந்து கையை எடுத்தார். இரண்டே நிமிடம், முடித்துவிட்டுப் போம் என்று கெஞ்சினேன். செத்தது யாரென்றாவது உமக்குத் தெரியுமா என்று கத்தினேன்.

"ஆரெண்டு தெரியாது. அவர் இனி இந்த றோட்டால வரமாட்டார். நாங்கள் இதைத் திரும்ப விளையாடலாம்" என்றார். துணியை விலக்கிக்கொண்டு வெளியே போனார்.

ஆளில்லாத விண்கலம் மூன்று உயிரையும் ஒவ்வொன்றாக இழந்தது. ஆனாலும் அதுவரை எடுத்திருந்த புள்ளிகளே அந்த மெசினில் அன்றைக்கு ஆகக் கூடியவை; நிறுத்திப் போட்டால் பழைய புள்ளிகள் அழிந்துவிடும். திரை, பெயருக்கு மூன்று எழுத்துக் கேட்டுவிட்டுப் பத்திலிருந்து கீழே எண்ணத் தொடங்கியது. நான் பக்கத்தில்தான் நின்றேன். கையை நீட்டி அவருடைய பெயரை நானே எழுதியிருக்கலாம். அவ்வளவு ஆத்திரம் எனக்கு. எழுதவில்லை.

குலத்தோடு எனக்கு இன்னும் கோபம்தான். அவரில்லாத வீட்டுக்குப் போய் யாரோடு சண்டை பிடிப்பது என்று தெரியாமல் திரும்பி வருகிறேன். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தக் கடைசி வீடியோ. விலகிய துணி வழியாக வெளிச்சம் விழுந்ததில், பெயர் எழுதும் இடத்தில் மூன்று வெறும் கோடுகளும், அவற்றுக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் நானும் கண்ணாடியில் தெளிவாகத் தெரிகிறோம்.