சாணைக்குப் போன புது பிளேடுகள்

என் கையெழுத்தைப் படிக்கச் சிரமமாகத்தான் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். எந்த இடத்தில் சின்ன ர, எந்த இடத்தில் பெரிய ற என்று இன்றுவரை தடுமாற்றம் உண்டு. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொண்டு, தப்பைத் திருத்திப் படித்துக்கொள்ள வேண்டும். வாயால் சொல்லிவிடலாமே என்று கேட்பீர்கள். நாலு பேர் முகத்தைப் பார்த்தால் எனக்குச் சொல்ல வந்தது மறந்துவிடும். காகிதம் என் முகத்தைப் பார்ப்பதில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் எனக்குப் பத்து வயது. அம்மா மயிலாப்பூரில், குளத்துக்குப் பின்னால் இருந்த தெருவில் நான்கு வீடுகளில் வேலை செய்துகொண்டிருந்தாள்; பள்ளி இல்லாத நேரத்தில் நானும் ஒத்தாசைக்குப் போவேன். அதில் ஒரு வீடு, பத்து வருடம் கனடாவில் இருந்துவிட்டுத் திரும்பி வந்த வீடு. சார், மாமி, அவர்களுக்கு ஒரே பெண். பதின்மூன்று வயது. நான் அக்கா என்று கூப்பிடுவேன்.

அக்கா அந்த ஊரில் ஐஸ் தரையில் சறுக்கி ஆடக் கற்றுக்கொண்டவள். ஹாலில் அலமாரி நிறையக் கோப்பைகள் இருந்தன. ஒரு போட்டோவில் ஒற்றைக் காலில் நின்றுகொண்டு, இன்னொரு காலைத் தலைக்கு மேலே தூக்கியிருந்தாள். எனக்குத் தெரிந்த ஐஸ், மீன் கடையில் மரத்தூளுக்குள் கிடக்கும் பாளம்தான். அதன்மேல் ஒரு பெண் எப்படி ஆட முடியும்? அம்மாவிடம் கேட்டேன்.

"வழுக்கி உழமாட்டாங்களாம்மா?"

"வழுக்கறதுக்குன்னே போறாங்கடா. உனக்கும் எனக்கும் இன்னா?"

இந்த ஊரில் அக்கா சறுக்க இடமில்லை. அதனால் சாயங்காலமானால் சார் அவளை மொட்டை மாடிக்குக் கூட்டிப்போய், கான்வாஸ் ஷூ போட்டுக் குதிக்க வைப்பார். குதித்துக் காற்றிலேயே ஒரு சுற்று சுற்றி ஒற்றைக் காலில் இறங்க வேண்டும். சார் கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணிக்கொண்டிருப்பார். துணி எடுக்கப் போகும்போது நான் பார்த்திருக்கிறேன். அக்கா ஒருநாளும் சிரித்துக்கொண்டு குதித்ததில்லை. கஷ்டமான வித்தை, அதனால் சிரிப்பு வராது என்று நினைத்துக்கொள்வேன்.

மே மாதக் கடைசியில் அவள் தனியாகக் கனடாவுக்குத் திரும்பிப் போவதாக ஏற்பாடு. அங்கே சித்தப்பா வீட்டில் தங்கிப் படிக்கவேண்டும், விடியற்காலையில் சறுக்கப் பழகவேண்டும், நான்கு வருடம் கழித்துப் பெரிய போட்டிக்குப் போகவேண்டும். எல்லாவற்றையும் சார் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார்.

போவதற்கு முன்னால் சறுக்குவதற்குப் புது பூட்ஸும், அதன் அடியில் பொருத்தும் புது இரும்பு பிளேடும் வேண்டியிருந்தது. பழையதற்கு மேல் கால் வளர்ந்துவிட்டது. சார் அக்காவின் பாதத்தைச் செய்தித்தாளில் வைத்து, பென்சிலால் கோடு இழுத்து, வெட்டிக் கனடாவில் இருந்த சித்தப்பாவுக்குத் தபாலில் அனுப்பினார். எந்த பிளேடு வாங்குவது என்று மூன்று மாதம் கடிதம் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தது. நீளம் எவ்வளவு, அடியில் வளைவு எவ்வளவு, முன்னால் பல் எத்தனை. நான் தரை துடைக்கும்போது மாமியிடம் சார் படித்துக் காட்டுவது காதில் விழும். மாமி, ஒரு பொண்ணுக்கு வரன் பார்க்கக்கூட இத்தனை விசாரிக்க மாட்டா என்பார். மார்கழியில் கச்சேரி சீசனுக்கு அங்கிருந்து வந்த உறவினர் ஒருவர் இரண்டையும் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார்.

பிளேடைப் பூட்ஸில் பொருத்தியது ஒரு பெரிய வைபவம். பூட்ஸின் அடியில் சார் நடுக்கோடு போட்டார். கோட்டிலிருந்து ஒரு நூல் அளவு உள்பக்கமாகத் தள்ளி பிளேடை வைத்து, இரண்டு மூன்று திருகாணி மட்டும் முடுக்கினார். ஜமக்காளத்தை நாலாக மடித்துப் போட்டு அக்காவை ஏறி நிற்கச் சொன்னார். இடது கால் லேசாக உள்ளே சாய்ந்தது. கழற்றினார். மறுபடி வைத்தார். அன்று மத்தியானம் வரை யாரும் சாப்பிடவில்லை. அக்கா ஜமக்காளத்தின் மேல் பொம்மை மாதிரி நின்றுகொண்டே இருந்தாள்.

அதற்குப் பிறகுதான் எனக்கென்று தனியாக ஒரு வேலை வந்தது. மயிலாப்பூரில் கடல் காற்றுக்கு எந்த இரும்பும் தப்பாது. தினமும் காலையில் பிளேடைத் துடைத்து, தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு தடவி வைக்க ஆள் வேண்டும். சார் எனக்குக் கற்றுக்கொடுத்தார். பிளேடின் அடி தட்டையாக இல்லை. நடுவில் நீளத்துக்கும் மெல்லிய குழி ஓடும். குழிக்கு இரண்டு பக்கமும் இரண்டு விளிம்பு. அந்தக் குழிக்குள் தீக்குச்சியில் துணியைச் சுற்றித் துடைக்க வேண்டும். பிறகு பழைய டர்க்கி டவலில் அம்மா தைத்துக் கொடுத்த உறையைப் போட வேண்டும். ஈரத்தோடு மூடக்கூடாது, தரையில் வைக்கக்கூடாது. நான் ஒருநாளும் தவறவில்லை.

அதற்குப் பதிலாக சார் அம்மாவுக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். நான் படித்த பள்ளியில் ஐந்தாம் வகுப்புக்கு மேல் கிடையாது. சாருக்குத் தெரிந்த ஒரு தலைமை ஆசிரியருக்குக் கடிதம் கொடுத்து, ஜூனில் என்னை ஆறாம் வகுப்பில் சேர்த்துவிடுவதாகச் சொன்னார். எங்கள் வீட்டில் யாரும் ஆறாம் வகுப்பைப் பார்த்ததில்லை. கடிதம் எழுதி, உறையில் போட்டு, மேஜையில் டெலிபோனுக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். துடைக்கப் போகும்போதெல்லாம் அது இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வேன்.

பின்கட்டில் துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நான் பிளேடு துடைக்கும்போது, சில நாள் அக்காவும் வந்து உட்காருவாள். அதிகம் பேசமாட்டாள். நானும் பேசுகிறவன் இல்லை. ஒருநாள் கேட்டாள்.

"உங்காத்துல எத்தனை பேர்டா ஒரே ரூம்ல தூங்குவேள்?"

"நாலு பேருக்கா. நான், அம்மா, தங்கச்சி, மாமா. ராத்திரி காலு நீட்டினா மாமா மூஞ்சில இடிக்கும்."

"நீ லக்கிடா."

நான் சிரித்துவிட்டேன். கால்வாய்க் கரையில் இருந்த எங்கள் வீட்டை அவள் பார்த்ததில்லை. அம்மாவிடம் சொன்னபோது, அவளும் சிரித்தாள்.

மே மாதம் பாதி போயிருக்கும். அன்று சாரும் மாமியும் தி. நகருக்குப் பெட்டி வாங்கப் போயிருந்தார்கள். அம்மா அடுத்த வீட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். அக்கா பூட்ஸை ஒரு ரெக்ஸின் பையில் போட்டு என்னிடம் நீட்டினாள்.

"உங்க மாமா கத்தியெல்லாம் தீட்டுவாராமே?"

"ஆமாக்கா."

"இத எடுத்துண்டு போய் நன்னா தீட்டிண்டு வா. கத்தி மாதிரி இருக்கணும். இந்தக் குழி தெரியவே கூடாது. முன்னாடி இருக்கற பல்லையும் சமமா ஆக்கிடச் சொல்லு."

தினமும் தீக்குச்சியால் துடைத்த குழி அது. எனக்கு ஒருமாதிரி இருந்தது.

"குழி போயிட்டா பரவால்லியாக்கா?"

"போகட்டும். புது பிளேடுக்கு அப்படித்தான் பண்ணுவா."

சறுக்கத் தெரிந்தவளே சொல்கிறாள். எனக்கென்ன தெரியும்? மாடவீதி முனையில் மாமா சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்தி, சீட்டில் உட்கார்ந்து மிதித்துக்கொண்டிருந்தார். மிதித்தால் முன்னால் பொருத்திய சாணைக்கல் சுற்றும். பூட்ஸைப் பார்த்து மிதிப்பதை நிறுத்திவிட்டார்.

"இன்னாடா இது, ஷூவுக்கு அடில கத்தி கீது! யாரைடா ஒதைக்கறதுக்கு?"

"ஐஸ் மேல ஓடறதுக்கு மாமா."

"நட்டநடுவுல பள்ளம் உழுந்துகீது பாரு. புச்சுன்ற? ஏமாத்திட்டான் வெள்ளக்காரன். மூக்குல வேற ரம்பம் மாரி பல்லு. குடு, நம்ம கைவண்ணத்த பாக்கட்டும்."

அரை மணி நேரம் மிதித்தார். பூட்ஸைத் தலைகீழாக மார்பில் அணைத்துக்கொண்டு அவர் தீட்டியதைப் பார்க்க, பூக்காரம்மாகூட எழுந்து வந்தாள். தீப்பொறி பறந்தது. பல் போயிற்று, குழி போயிற்று. இரண்டு விளிம்பும் சேர்ந்து அரிவாள்மணை மாதிரி ஒரே கூர் ஆயிற்று. மாமா என் தலையிலிருந்து ஒரு முடியைப் பிடுங்கி, அதன்மேல் வைத்து ஊதினார். முடி இரண்டாக விழுந்தது. அவர் வாழ்க்கையில் செய்த வேலைகளில் அதுதான் சிறந்தது என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

கொண்டுபோய்க் கொடுத்தேன். அக்கா உறையைக் கழற்றி, நகத்தை அடியில் வைத்து மெதுவாக இழுத்துப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்த வீட்டில் அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். வேலை நன்றாக அமைந்துவிட்டது என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

மூன்றாம் நாள் சார் பெட்டி அடுக்கும்போது உறையைக் கழற்றினார். நான் வாசல் பக்கம் தரை துடைத்துக்கொண்டிருந்தேன். எட்டிப் பார்த்தேன். சார் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டிருந்தார். ரத்தம் வந்துகொண்டிருந்தது, அதை அவர் கவனித்ததாகவே தெரியவில்லை.

"யார் பண்ணினா இத?"

நான் முன்னால் போய், மாமாதான் என்று சொன்னேன். பாராட்டுவார் என்று எதிர்பார்த்தேன். எவ்வளவு முட்டாள் பாருங்கள்.

சார் என்னைத் திட்டவில்லை. அக்கா பக்கம் திரும்பினார்.

"இதுக்குக் கூர் வைக்கறதுக்கு அந்த ஊர்லயே ஒருத்தர்தான் இருக்கார், இங்க யார் கையும் படக்கூடாதுன்னு எத்தனை தடவை சொல்லிருக்கேன்? குழியும் பல்லும் இல்லாம ஐஸ்ல எப்படி நிக்கறது? இவன் எடுத்துண்டு போறச்சே நீ எங்க இருந்தே?"

"மாடில இருந்தேன்பா. எனக்குத் தெரியாது."

"அக்காதான் குடுத்தாங்க சார்," என்றேன்.

அக்கா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குள் அம்மா கையில் துடைப்பத்தோடு ஓடிவந்து, அதாலேயே என்னை அடித்தாள்.

"செய்யறதையும் செஞ்சிட்டு சின்னம்மா மேல பழி போட்றியா? சார், தெரியாம பண்ட்டான் சார். கொயந்த சார்."

நான் அடி வாங்கிக்கொண்டே அக்காவைப் பார்த்தேன். மறந்துவிட்டாளோ என்னவோ, இப்போது ஞாபகம் வந்துவிடும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அடி விழ விழ, அவள் கொடுக்கவே இல்லையோ, நானேதான் எடுத்துப் போனேனோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

சார் அம்மாவிடம் நாளையிலிருந்து வரவேண்டாம் என்று மட்டும் சொன்னார். சத்தம் போட்டிருந்தால் அம்மா காலில் விழுந்திருப்பாள். பிறகு மேஜைக்குப் போய், அந்தக் கடிதத்தை எடுத்து நாலாக மடித்துத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பையில் ரத்தக்கறை பட்டது. அதைப் பார்த்ததும்தான் நான் அழ ஆரம்பித்தேன்.

தெருவில் செய்தி பரவ ஒரு நாள்கூட ஆகவில்லை. அம்மாவை மற்ற மூன்று வீட்டிலும் நிறுத்திவிட்டார்கள். பையன் சாமான் எடுக்கிறவன் என்று பேச்சு. மாமாவை அந்தப் பக்கமே வரவேண்டாம் என்று விரட்டினார்கள். "கூரா இல்லன்னு எவனாச்சும் சொன்னானா? சொல்லச் சொல்லு பாப்போம்," என்று மாமா குடித்துவிட்டு வருகிற நாளெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தபோது நான் மந்தைவெளியில் ஒரு சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தேன். அப்படியே இருந்துவிட்டேன்.

அதற்கு முன்னால், அக்கா ஊருக்குப் போகிற அன்று மத்தியானம், யாரிடமும் சொல்லாமல் அந்தத் தெருவுக்குப் போனேன். ஒரே ஒரு தடவை அவள் சாரிடம் உண்மையைச் சொல்லிவிட்டால் போதும், கடிதம் கிடைத்துவிடும் என்று எண்ணம். என்ன கேட்பது என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். வீட்டைப் பார்த்ததும் தெருவின் மறுபக்கம் ஒதுங்கினேன். எதிர்வீட்டு வேப்பமரத்துக்குப் பின்னால் நின்றேன்.

வாசலில் வாடகைக் கார் நின்றது. பெட்டிகளை ஏற்றினார்கள். சார் பூட்ஸ் இருந்த ரெக்ஸின் பையை முன்சீட்டில் வைத்துவிட்டு, "அங்க போனதும் வேற புது பிளேடு வாங்கிக்கலாம். சித்தப்பாகிட்ட ஃபோன்ல சொல்லியாச்சு," என்றார். அக்கா வெளியே வந்தாள். படி இறங்கியவள், இரும்புக் கேட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். மாமி, நாழியாறதுடி கண்ணா என்றார். அவள் விடவில்லை. சத்தம் வராமல் வாயைத் திறந்து அழுதாள். சார் குனிந்து, அவள் விரல்களைக் கம்பியிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்தார். ஒரு கையைப் பிரித்தால் இன்னொரு கை போய்ப் பிடித்தது. மாமி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

கார் நகர்ந்தபோது அவள் என்னைப் பார்த்தாள். கண்ணாடியில் கையை வைத்தாள். என்னவோ சொன்னாள். கேட்கவில்லை.

புது பிளேடு போய்விட்டதே என்றுதான் அழுகிறாள் என்று நினைத்தேன். மனசாரப் பாவப்பட்டேன். ஓடிப்போய், அழாதீங்கக்கா, மாமாகிட்ட சொல்லி அந்தக் குழியை மறுபடி போட்டுத் தரச் சொல்றேன் என்று சொல்ல வேண்டும் போல இருந்தது. கார் முனை திரும்பும்வரை அதையே வாய்க்குள் சொல்லிக்கொண்டு நின்றேன்.

9-6-2024, ஞாயிற்றுக்கிழமை