புதுக் கதாநாயகனுக்காகச் சண்டை போட்டேன்

மூன்று வருடத்துக்கு முன்பு, ஓசூர் சிப்காட்டில் பிரேக் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் நான் ஷிப்ட் இன்சார்ஜாக இருந்தபோது நடந்தது இது. இன்றைக்கு நினைத்தாலும் கோபம் வருகிறது. யார் மேல் என்பது போகப் போகத் தெரியும்.

எனக்கு ஒரு பைத்தியம் உண்டு. இங்கிலாந்துக்காரர்கள் பல பத்து வருடங்களாக எடுத்துவரும் ஒரு அறிவியல் புனைகதைத் தொடர். கதாநாயகன் பாத்திரம் ஒன்றுதான். நடிக்கிற ஆள் மட்டும் சில வருடத்துக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருப்பார். ஆள் மாறும்போதெல்லாம் ரசிகர்கள் அடித்துக்கொள்வார்கள். அந்த முறை அறிவித்த புதியவர், முன்பு நடித்தவர்களின் சாயல் துளியும் இல்லாதவர். எங்கள் வாட்ஸ்அப் குழுவில் பெங்களூர்க்காரர் ஒருவர், 'அந்த வேஷத்துக்கென்று ஒரு தோரணை வேண்டும், இவருக்கு அது கிடையாது' என்று எழுதினார். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. ஒரு எபிசோடு கூட வரவில்லை, அதற்குள் தீர்ப்பா?

'நிற்க இடம் கொடுத்தால்தானே ஒருவருக்கு நிற்கத் தெரியுமா என்று பார்க்க முடியும்? பார்க்காமலே வேண்டாம் என்பவன் ரசிகனே இல்லை' என்று பதில் எழுதினேன். அதோடு விட்டேனா? தினமும் கேன்டீனில் போனைத் திறந்து சண்டையைச் சத்தமாகப் படித்துக் காட்டுவேன். "சார், உங்க ஹீரோ வாங்குற சம்பளத்துல உங்களுக்குப் பாதி அனுப்புறாராமே" என்று பையன்கள் கிண்டல் செய்வார்கள். தொடரில் ஒரு காட்சி கூடப் பார்க்காதவர்களுக்கும் என் வாதம் மனப்பாடம் ஆகியிருந்தது.

அந்த மேசையின் ஓரத்தில் கம்மென்று சாப்பிட்டுவிட்டுப் போகிற ஒரு பெண் இருந்தார். பாரூர்ப் பக்கத்துக்காரர். எங்கள் கிரைண்டிங் லைனில் ஒன்பது வருடம். வீட்டில் தெலுங்கு, எங்களிடம் தமிழ், கன்னடக்காரர்களிடம் கன்னடம் பேசுவார். சாணைக்கல் தேய்ந்துவிட்டது என்பதை நாங்கள் அளந்து பார்த்துச் சொல்வதற்கு முன் அவர் சத்தத்திலேயே சொல்லிவிடுவார்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் லைன் லீடர் புனேவுக்கு மாற்றலாகிப் போனார். அடுத்த வாரமே கஸ்டமர் ஆடிட், எங்களிடம் பாகங்கள் வாங்குகிறவர்கள் நேரில் வந்து லைனைச் சோதிக்கிற நாள். அன்றைக்கு லைனுக்கு முன்னால் நின்று ஒருவர் வேலையை விளக்கிச் சொல்ல வேண்டும். எங்கும் எழுதி வைக்கவில்லை என்றாலும், அப்படி நிற்பவரே அடுத்த லைன் லீடர் என்பது எங்கள் கம்பெனியில் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பாரூர்ப் பெண் என்னிடம் வந்து, "இந்தவாட்டி நான் நிக்கட்டா சார்?" என்று கேட்டார். பார்க்கலாம் என்றேன். அன்றிலிருந்து மெஷின் ஒரு பீஸை முடிக்கிற இடைவெளியில் ஒரு துண்டுச் சீட்டைப் பார்த்து ஆங்கில வாக்கியங்களை வாய்க்குள் சொல்லிக்கொண்டிருப்பார். நானே பார்த்திருக்கிறேன்.

ஆடிட்டுக்கு மூன்று நாள் முன்பு மேனேஜர் லைனுக்கு வந்தார். "யாரை நிறுத்தலாம்? அந்தம்மா நிக்கட்டுமா?" என்று அவராகவே கேட்டார். நான், ஆறு மாதம் முன்பு சேர்ந்த ஒரு டிப்ளமோக்காரரின் பெயரைச் சொன்னேன். சிவந்த ஆள், இங்கிலீஷ் சரளமாக வரும். "கஸ்டமர் முன்னாடி நிக்க ஒரு தோரணை வேணும் சார். அந்தம்மாவுக்கு அது பத்தாது" என்றேன். அந்தப் பெண்ணின் மெஷினுக்குப் பக்கத்தில் நின்றுதான் சொன்னேன். அந்த இரைச்சலில் கேட்காது என்று நினைப்பு. ஒன்பது வருடமாக அந்த இரைச்சலுக்குள்ளேயே இருப்பவருக்கு என்னவெல்லாம் கேட்கும் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில், சனிக்கிழமை முதல் எபிசோடு வருகிறது என்று வழக்கம்போல அளந்துகொண்டிருந்தேன். அவர் கையுறையைக் கூடக் கழற்றாமல் எதிரே வந்து நின்றார்.

"ஏஞ்சார், அந்த பெங்களூர்க்காரருக்கு என்னா எழுதுனீங்க? இன்னொருவாட்டி படிங்க."

நம் கட்சிக்கு ஆள் சேருகிறது என்று சிரித்துக்கொண்டே படித்தேன். நிற்க இடம் கொடுத்தால்தானே என்ற இடம் வந்ததும் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"நானும் அதத்தான சார் கேட்டேன். ஒரே ஒரு நாளு. கடலுக்கு அந்தாண்ட இருக்கிற ஆளுக்காக ஊரு முச்சூடும் சண்ட புடிக்கிறீங்க. ஒம்போது வருசமா உங்க கண்ணு முன்னாடிதான் நிக்கிறேன். எனக்குத் தோரண பத்தாதுன்னு நேத்து சொன்னீங்க. என்னைய எப்ப நிக்க வெச்சுப் பாத்தீங்க?"

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு வசதியாகப் போயிருக்கும். எனக்கு முகமெல்லாம் எரிந்தது. "டிவியில வர்றதும் கம்பெனி வேலையும் ஒண்ணாம்மா? போய் வேலையப் பாருங்க" என்றேன். இதுதான் என்னால் விழுங்க முடியாதது. ஆடிட்டுக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. மேனேஜரிடம் ஒரு வார்த்தை சொன்னால் பெயரை மாற்றியிருக்கலாம். பத்துப் பேர் முன்னால் கேட்டுவிட்டாரே என்ற வீம்பில் மாற்றவில்லை.

ஆடிட் நன்றாகவே முடிந்தது. டிப்ளமோக்காரர் குறை சொல்ல முடியாதபடி பேசினார், லைன் லீடரும் ஆனார். ஏதாவது சொதப்பியிருந்தால் என் தப்பு நாலு பேருக்காவது தெரிந்திருக்கும். அந்தப் பெண் அடுத்த மாதம் கர்நாடக எல்லையைத் தாண்டியதுமே வரும் அத்திப்பள்ளியில் ஒரு கம்பெனிக்குப் போய்விட்டார். போகிற அன்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டார், என்னிடம் சொல்லவில்லை. சொல்லாததுதான் நியாயம்.

ஆடிட் நடந்த வாரத்துச் சனிக்கிழமை முதல் எபிசோடைப் பார்த்தேன். புதியவர் ஆரம்பத்தில் கொஞ்சம் தடுமாறினார், பிறகு பிடித்துக்கொண்டார். முடிந்த கையோடு பெங்களூர்க்காரர் குழுவில் எழுதினார்: 'நான் பேசியது தப்பு. இவர் பிரமாதம். நீங்கள் சொன்னதுதான் சரி.' எல்லோரும் எனக்குக் கைதட்டல் படம் போட்டார்கள்.

முன்பின் பழக்கமில்லாத ஒரு நடிகரைத் திட்டியவர் ஒரு மணி நேரத்தில் தன் தப்பை ஒப்புக்கொண்டார்; ஊருக்கே நியாயம் பேசிய எனக்கு, அத்திப்பள்ளி வரைக்கும் போய் ஒரு மன்னிப்புக் கேட்க மூன்று வருடமாகக் கால் வரவில்லை.