கைப்பிடி இல்லாத வண்டி

முதல்லயே ஒத்துக்கறேன். என் வீல்சேருக்குப் பின்னாடி தள்ளறதுக்குக் கைப்பிடி கிடையாது. உடைஞ்சு போகல, யாரும் திருடிட்டுப் போகல. நல்லா இருந்த கைப்பிடிய ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம் நானே ஸ்பேனர் வெச்சுக் கழட்டினேன். கழட்டினதோட விட்டிருந்தா பரவால்ல. ஏதோ சாதனை பண்ணின மாதிரி போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல வேற போட்டேன், 'இனிமே என்னை யாரும் தள்ள முடியாது'ன்னு எழுதி. திருச்சி மன்னார்புரத்துலேருந்து என் தங்கச்சி செல்வி ஒரே வரியில பதில் போட்டா: "வண்டி ரிப்பேராண்ணே?"

நான் இருக்கறது ஜெர்மனியில, ஹனோவர்ல. திருச்சியில பாதி வயசு வரைக்கும் டவுன் பஸ்ஸுக்கும் லாரிக்கும் நடுவுல சைக்கிள் ஓட்டினவன் நான். அப்பல்லாம் ஒரு கீறல் கிடையாது. ஹனோவர்ல ஆளே இல்லாத ரோட்டுல, தலையில ஹெல்மெட்டோட, ரூல்ஸ்படி கையைக் காட்டித் திரும்பறப்ப பனியில வழுக்கி விழுந்து முதுகெலும்பை உடைச்சுக்கிட்டேன். அதுக்கப்பறம்தான் இந்த வண்டி. அங்க இந்த வண்டியில போறது ஒரு விசித்திரமான அனுபவம். ட்ராம் வரும், வண்டி ஏத்தற பலகை இறங்கும், நான் ஏறுவேன். ஒருத்தரும் திரும்பிப் பார்க்க மாட்டாங்க. ஏதாவது குழந்தை உத்துப் பார்த்தா அம்மாக்காரி உடனே ஜன்னலுக்கு வெளிய இல்லாத ஒரு பறவையைக் காட்டுவா. என்ன ஆச்சுன்னு யாரும் கேட்க மாட்டாங்க. பக்கத்து வீட்டுக்காரர் விபத்துக்கு முன்னாடி எனக்கு 'ஹலோ' சொன்னாரு, பின்னாடியும் அதே 'ஹலோ'தான். நடுவுல இந்த ஆளு ஒண்ணரை அடி குள்ளமாயிட்டானேங்கற ஆச்சரியமே அவர் முகத்துல இல்ல. அது மரியாதையா, இல்ல கூச்சமான்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் புரியல.

கைப்பிடி கதை ஆரம்பிச்சது முதல் குளிர்காலத்துல. சூப்பர்மார்க்கெட் வாசல்ல பனியில சக்கரம் புதைஞ்சிடுச்சு. மடியில பாலும் உருளைக்கிழங்கும். ஒரு வயசான அம்மா நின்னு, குனிஞ்சு, "டார்ஃப் இஷ் ஹெல்ஃபன்?"னு கேட்டாங்க. உதவட்டுமான்னு. நான் பல்லைக் காட்டிக்கிட்டு "நைன், டாங்க்க"ன்னேன். வேண்டாங்க, நன்றி. நம்ம ஊர்ல எப்படி? ஒருத்தர் வீட்டுக்குப் போறோம், காப்பி சாப்பிடறீங்களான்னு கேட்கறாங்க, வேண்டாங்கன்னு சொல்றோம். அட சும்மா சாப்பிடுங்கங்கறாங்க. இப்பதான் சாப்பிட்டு வந்தேன்னு சொல்லி முடிக்கறதுக்குள்ள டம்ளர் கையில இருக்கும். முதல் வேண்டாம் மரியாதைக்கு. அதை யாரும் நம்பிடக் கூடாது. நான் அந்தம்மாவோட ரெண்டாவது கேள்விக்காக முகத்தைத் தயாரா வெச்சுக்கிட்டுக் காத்திருந்தேன். அவங்களோ "ஷோனன் டாக் நோஹ்"னு, நாள் நல்லாப் போகட்டும்னு வாழ்த்திட்டு நடந்து போயே போயிட்டாங்க. எனக்கு வந்த கோபம் இருக்கே! அப்பறம் முன்னாடி ஒரு ஆட்டம், பின்னாடி ஒரு ஆட்டம்னு வண்டிய ஆட்டி ஆட்டி நானே வெளிய வந்தேன். வீட்டுக்கு வந்து என் மனைவி மீனாகிட்ட அதை வீரக்கதையா சொன்னேன். வேற வழியில்லாமப் பண்ணினதை மறுநாள்லேருந்து கொள்கையாக்கிட்டேன். அந்தக் கொள்கைதான் கொஞ்சம் கொஞ்சமா வளர்ந்து ஸ்பேனர் வரைக்கும் வந்துச்சு. மீனா கைப்பிடிய எடுத்து ஒரு பழைய துணியில சுத்தி ஷூ அலமாரியில வெச்சா. "கழட்டிட்டீங்க, சரி. தூக்கி மட்டும் போடாதீங்க"ன்னா.

இந்த வருஷம் திருச்சிக்கு வந்தது செல்வியோட பொண்ணு யாழினிக்குக் காது குத்த. குழந்தைக்கு மூணு வயசு முடியப் போகுது. தாய்மாமன் மடியில உட்கார வெச்சுதான் காது குத்தணும், எங்க குடும்பத்துல அதுல சமரசமே கிடையாது. கூடப் பொறந்த மாமன் நான் ஒருத்தன்தான். நான் ஆஸ்பத்திரியில கிடந்தப்ப செல்வி விசேஷத்தைத் தள்ளிப் போட்டா, நடக்கப் பழகறேன்னு நான் பேராசைப்பட்டப்பவும் தள்ளிப் போட்டா. எங்க சித்தப்பா, "என் பையன் சரவணனும் மாமன் முறைதானேம்மா, அவன் மடியில வெச்சுடலாமே"ன்னு சொல்லிப் பார்த்தாரு. செல்வி அசையல. எனக்கு ஒரு பயம் இருந்துச்சு, அதை அவகிட்ட சொல்லல. என் கால் ரெண்டும் எனக்குச் சொந்தமில்லாத மாதிரி, சில சமயம் சொல்லாம கொள்ளாம உதறும். ட்ராம்ல உதறினா யாருக்கும் நஷ்டமில்ல. மடியில குழந்தை இருந்து, ஆசாரி காதுல ஊசிய வெச்சிருக்கற நேரத்துல உதறினா? அதனால போன்ல, "சரவணனையே உட்கார வெச்சுடேன், எனக்கு ஒண்ணும் வருத்தமில்ல"ன்னேன். அவ போனை வெச்சுட்டா. மீனாவுக்கு லீவு கிடைக்கல, எனக்கு மட்டும் டிக்கெட் போட வேண்டியதாப் போச்சு.

திருச்சியில இறங்கின உடனே ஜெர்மனியில சேர்த்து வெச்சிருந்த அமைதியெல்லாம் போச்சு. செல்வி வீட்டுக்காரர் குமார் டாக்ஸி பிடிச்சாரு. டிரைவர் என்னைப் பார்த்தாரு, வண்டியப் பார்த்தாரு, கியர் போடறதுக்கு முன்னாடி கேட்டுட்டாரு: "என்ன சார் ஆச்சு? சுகரா?" விபத்துன்னேன். எப்படி, எங்க, யார் மேல தப்பு, இன்சூரன்ஸ் வந்துச்சா, சம்சாரம் கூட இருக்காங்களா? மன்னார்புரம் வர்றதுக்குள்ள என் மொத்தக் கதையும் அவர் கையில. இறங்கறப்ப தைலம் தேய்க்கற ஒருத்தரோட அட்ரஸும் குடுத்தாரு. எனக்குக் கோபம் வரணும். வரல. இத்தனை நாளா ஒருத்தர்கூடக் கேட்காத கேள்விங்க. பதில்களை எங்க வெச்சிருந்தேன்னே எனக்குத் தெரியாம இருந்துச்சு.

மலைக்கோட்டை கடைத்தெருவுக்கு குழந்தைக்குப் பட்டுப்பாவாடை எடுக்கப் போனோம். கடைப்பையன் என் முகத்துக்கு நேரா நின்னுக்கிட்டு செல்விகிட்ட, "சார் தண்ணி குடிப்பாரா?"ன்னான். "குடிப்பேங்க, பேசவும் செய்வேன்"ன்னேன். பதறிப் போயி ஜில்லுன்னு சோடாவே கொண்டு வந்துட்டான். ஸ்ரீரங்கத்துல ராஜகோபுரத்துக்குப் பக்கத்துல செல்வி பூ வாங்கப் போயிருந்தா. நான் ஓரமா நிக்கறேன், அதாவது உட்கார்ந்திருக்கேன். ஒரு அம்மா கிட்ட வந்து என் கையில ஒரு தொன்னை புளியோதரைய வெச்சுட்டு, கண்ணை மூடி ஏதோ வேண்டிக்கிட்டுப் போயிட்டாங்க. ஹனோவர்ல இது நடந்திருந்தா நான் ஒரு கட்டுரையே எழுதியிருப்பேன். இங்க ஒரு வாய் வெச்சுப் பார்த்தேன். வறுத்த மிளகாய், நிலக்கடலை, நல்லெண்ணெய் வாசம். என் தன்மானத்துக்கு எழுந்திரிக்கக்கூட நேரம் கிடைக்கல. செல்வி வர்றப்ப தொன்னை காலி. "எங்கேருந்துண்ணே?"ன்னா. "சம்பாதிச்சேன்"ன்னேன்.

ஆனா தள்ளறது மட்டும் என்னால தாங்க முடியல. இங்க கேட்டுட்டுத் தொடற பழக்கமே இல்ல. கைப்பிடி இல்லேன்னா ஆளை விட்டுடுவாங்கன்னு நினைச்சது என் முட்டாள்தனம். சட்டைக் காலரைப் பிடிச்சாங்க, தோளைப் பிடிச்சாங்க. திருவானைக்காவல்ல ஒரு கடை வாசல்ல நாலு பேர் சேர்ந்து வண்டியோட என்னைத் தூக்கி, நான் போக நினைக்காத கடைக்குள்ள வெச்சுட்டாங்க. 'வேண்டாங்க'ன்னு நான் சொன்னதெல்லாம் காப்பி வேண்டாங்கற கணக்குல போயிடுச்சு. அன்னிக்கு ராத்திரி சாப்பிடறப்ப வீட்ல பிரசங்கம் பண்ணினேன். இந்த வண்டி என் உடம்பு மாதிரி, தொடறதுக்கு முன்னாடி கேட்கணும், வேண்டாம்னா வேண்டாம்தான், ஜெர்மனியில பாரு, அப்படி இப்படின்னு. குமார் சோத்தைப் பிசையறதை நிறுத்திட்டு, "கரெக்டுதான் மச்சான்"னாரு. செல்வி எனக்கு ரசம் ஊத்தினா. வேண்டாம்னேன், ஊத்தினா.

எங்க குலதெய்வம் கோயில் கொள்ளிடக்கரையில. சின்ன அம்மன் கோயில், முன்னாடி ஒரு வேப்பமரம், சுத்தி ஆத்து மணல். வேன் கரையிலயே நின்னுடும், அப்பறம் நடைதான். காது குத்தற அன்னிக்குக் காலையில எல்லாரும் தேங்காய், பழம், சீர்த்தட்டு, சமையல் சாமான்னு தூக்கிக்கிட்டு இறங்கினாங்க. செல்வி இடுப்புல குழந்தையோட என் பக்கத்துல வந்து நின்னா. முன்னாடி மணலைப் பார்த்தா, என் சக்கரத்தைப் பார்த்தா.

"இழுத்துட்டுப் போகட்டுமாண்ணே?"

"வேண்டாம்மா. நீ போ, நான் வந்துடறேன்."

"சரி"ன்னுட்டுப் போயிட்டா.

சரியாம்! என் கூடப் பொறந்தவ, திருச்சியில பொறந்து வளர்ந்தவ, ஒரே ஒரு வேண்டாமுக்கு சரின்னு சொல்லிட்டு நடந்து போறா! எனக்கு அந்த சூப்பர்மார்க்கெட் அம்மா ஞாபகம்தான் வந்துச்சு.

உள்ள கொஞ்ச தூரம் தள்ளிக்கிட்டுப் போனேன். முன் சக்கரம் ரெண்டும் மணல்ல மூக்கைக் குத்திடுச்சு. முன்னாடி ஆட்டினேன், பின்னாடி ஆட்டினேன். பனி வேற, மணல் வேற. ஆட்ட ஆட்ட இன்னும் இறங்குது. வேப்பமரத்தடியில குழந்தைக்கு மொட்டை போட ஆரம்பிச்சுட்டாங்க, அவ அழுகை இங்க வரைக்கும் கேட்குது. மொட்டை முடிஞ்சு சந்தனம் தடவினாங்க. ஆசாரி துணிய விரிச்சு உட்கார்ந்துட்டாரு. சித்தப்பா குரல் எப்பவுமே மைக் வெச்ச மாதிரி: "நல்ல நேரம் போயிக்கிட்டிருக்கும்மா, அவனால முடியல பாரு. சரவணா, வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு வந்து உட்காரு."

ஒரு நிமிஷம் எனக்கு நிம்மதியாத்தான் இருந்துச்சு. மணல்ல மாட்டிக்கிட்டான், பாவம், அவன் என்ன பண்ணுவான்னு எல்லாரும் சொல்லுவாங்க. கால் உதறுங்கற பேச்சே வராது. சரவணன் மரத்தடியில உட்கார்ந்தே உட்கார்ந்துட்டான். ஆனா செல்வி குழந்தையை அவன் மடியில வைக்கல. மொட்டைத் தலையைத் தோள்ல சாய்ச்சுக்கிட்டு என்னையே பார்த்துக்கிட்டு நிக்கறா. வரவும் இல்ல, கூப்பிடவும் இல்ல. நான் சொன்ன ரூலை எழுத்து மாறாம கடைப்பிடிக்கறா. அப்பதான் எனக்கு உறைச்சுது. விபத்து நடந்ததுலேருந்து நான் வேண்டாம்னுதான் சொல்லியிருக்கேனே தவிர, வேணும்னு யார்கிட்டயும் ஒரு தடவகூட வாயைத் தொறந்து கேட்டதில்ல. அந்தக் குழந்தை என் மடியில உட்காரணும்னு எனக்கு எவ்வளவு ஆசைன்னு அந்த மணல்லதான் தெரிஞ்சுது.

"செல்வி! என்னால முடியல. வந்து இழுத்துட்டுப் போ!"

குழந்தையை குமார்கிட்ட குடுத்துட்டு, அவர் தோள்ல இருந்த துண்டை உருவிக்கிட்டு வந்தா. பின்னாடி பிடிக்க ஒண்ணும் இல்லாததால துண்டை வண்டியோட முதுகுக் கம்பியில முடிச்சுப் போட்டா. "மணல்ல முன்னாடி தள்ளினா வராது, பின்னாடி இழுத்தாத்தான் வரும். பிரேக்கை எடு"ன்னு சொல்லிட்டு, குனிஞ்சு இழுக்க ஆரம்பிச்சா. அதனால நான் எங்க குலதெய்வம் கோயிலுக்கு முதுகைக் காட்டிக்கிட்டே போனேன். கண்ணுக்கு முன்னாடி நான் வந்த பாதை மட்டும்தான் தெரியுது. வேன், கரை, மணல்ல ரெண்டு கோடு. போற இடம் முதுகுக்குப் பின்னாடி, சாம்பிராணி வாசமா, குழந்தை அழுகையா, தங்கச்சியோட மூச்சா வருது. ஹனோவர்ல உட்கார்ந்து ஊரை நினைக்கறப்பவும், ஊர்ல உட்கார்ந்து ஹனோவரைப் பேசறப்பவும் நான் இப்படித்தான் போறேன்னு தோணுச்சு. எந்தப் பக்கம் போனாலும் முகம் மட்டும் விட்டுட்டு வந்த பக்கம்.

பாதி வழியில அவகிட்ட சொல்லிட்டேன். "செல்வி, என் கால் திடீர்னு உதறும். ஊசி குத்தறப்ப உதறினா என்ன பண்றது?"

இழுக்கறதை நிறுத்தினா. "இதுதானா விஷயம்? இதுக்குத்தான் ஜெர்மனி ஜெர்மனின்னு அவ்வளவு பேசினியா?" அப்படியே அங்கேருந்து கத்தினா: "ஏங்க! அண்ணன் கால் உதறுமாம். வந்து முட்டியைப் பிடிச்சுக்கங்க!"

சரவணன் எழுந்து இடம் விட்டான். குமார் பட்டு வேட்டியோட என் காலடியில மணல்ல சம்மணம் போட்டு உட்கார்ந்து ரெண்டு முட்டியையும் அணைச்சுப் பிடிச்சுக்கிட்டாரு. சித்தப்பாவுக்கு இது போதாதா? "நல்லா இருக்குடி, மாப்பிள்ளைய மச்சான் காலடியில உட்கார வெச்சுட்டியே!" குமார் தலையைத் தூக்காம, "பரவால்ல மாமா, இதுக்குத் தனியா ஒரு சீர் வாங்கிக்கறேன்"னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. அந்தச் சிரிப்புல என் கால் ஒரு வேடிக்கையா மாறிப் போச்சு, பயமா இருந்தது போச்சு. யாழினி மடியில வந்ததும் என் வண்டி பிரேக்கைப் பிடிச்சு ஆட்டிப் பார்த்துட்டு, அழுகைக்கு நடுவுல, "மாமா, இது எதுக்கு?"ன்னா. ஓடாம இருக்கன்னேன். ஆசாரி ஒரு காதுல குத்தினாரு. ஒண்ணும் ஆகல. ரெண்டாவது காதுகிட்ட கை போறப்ப, எதிர்பார்த்த மாதிரியே கால் கிளம்புச்சு. குமார் மொத்த உடம்பையும் சாய்ச்சு அமுக்கினாரு. மடி அசையல. குழந்தை என் கட்டை விரலைக் கடிச்சா. ஆசாரி கம்பிய வளைச்சு விட்டு, "முடிஞ்சுதுங்க"ன்னாரு.

அப்பறம் மரத்தடியில இலை போட்டுச் சாப்பாடு. இப்ப யார் யாரோ வந்து கேட்காம என் வண்டிய நிழலுக்கு நகர்த்தினாங்க, துண்டைப் பிடிச்சு. நானும் தடுக்கல, ஆராய்ச்சி மாதிரி கவனிச்சுக்கிட்டிருந்தேன். என் மடியில யாழினி தூங்கறா, புதுத் தோடு மினுங்குது. என் கைப்பிடி ரெண்டும் ஹனோவர்ல ஷூ அலமாரியில துணி சுத்தி இருக்கு. அதுக்கு வேலை வந்த நாள்ல அது அங்க, நான் இங்க. இதை நான் கொஞ்சம் தத்துவமா செல்விகிட்ட சொல்ல ஆரம்பிச்சேன். அவ இடுப்புல கையை வெச்சு நீவிக்கிட்டே என் இலையில ரசத்தை ஊத்தினா.

"உன் கொள்கைய நீயே வெச்சுக்கண்ணே. குனிஞ்சு இழுத்தது என் இடுப்பு. அடுத்த தடவை கைப்பிடி இல்லாம வந்தே, கரையிலயே உட்கார்ந்துக்க. சோறு மட்டும் குடுத்தனுப்பறேன்."