அறுபத்தொரு மார்க் வெந்த கேக்

போன ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணிக்கு நான் பல்கலைக்கழகப் படிப்பை விட்டுவிட்டேன்.

பதறாதீர்கள். அன்றைக்கு நான் பதறியதே இந்த ஈப்போ நகரத்துக்கே மொத்தமாகப் போதும்.

விஷயம் இதுதான். என் முதல் அசைன்மென்ட்டுக்கு மார்க் வந்திருந்தது. ஊழியர்களை உற்சாகப்படுத்துவது எப்படி என்று ஒரு கட்டுரை. வெள்ளிக்கிழமை மாலையே வந்துவிட்டதாம். அந்தச் சனிக்கிழமை வழக்கமான வகுப்பும் இல்லை; நான்தான் பயந்துகொண்டு திறக்கவில்லை. ஞாயிறு காலை, ஓவனில் ஒரு தட்டு பன் வைத்துவிட்டு, மனதைக் கல்லாக்கிக்கொண்டு போனைத் திறந்தேன்.

நூற்றுக்கு 61.

அவ்வளவுதான், போனை மாவு மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

61 பாஸ்தானே, இதற்கா இந்த ஆர்ப்பாட்டம் என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. பாஸ் மார்க் ஐம்பது என்று எனக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்வது? நான் படித்து வந்த வழி அப்படி.

இந்தப் பத்தியைப் பல வருடமாகப் படிக்கிறவர்களுக்கு என் கேக் கடையைத் தெரியும். முன்பு ரப்பர் தோட்டமாக இருந்து இப்போது வீடுகளாகிவிட்ட ஒரு தாமான் குடியிருப்பில் இருக்கிறது. மரம் ஒன்றுகூட மிச்சமில்லை. ஆனால் கூரியர்காரர்வரை எல்லோருக்கும் அது இன்னும் 'எஸ்டேட் கேக் கடை'தான். உங்களில் பலருக்குத் தெரியாதது ஒன்று உண்டு. பள்ளியை முடித்ததும் நான் பல்கலைக்கழகத்துக்கு வழிவிடும் ஃபார்ம் சிக்ஸ் வகுப்புக்குப் போகவில்லை. ஒரு திறன் பயிற்சி மையத்தில் பேக்கரி படித்தேன். நிகழ்ச்சிகளில் யாராவது "நீங்க எந்த யூனிவர்சிட்டிமா?" என்று கேட்டால், மைக் சரியில்லை, ஃபேன் காற்று வரவில்லை என்று எதையாவது சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவேன்.

அந்தப் பயிற்சி மையத்தில் மார்க் என்கிற சமாச்சாரமே கிடையாது. மதிப்பீடு செய்ய ஒருவர் வருவார். நம் ஸ்பான்ஜ் கேக்கின் நடுவில் ஒரு குச்சியைக் குத்தி எடுப்பார். மாவு ஒட்டாமல் வந்தால் 'தெராம்பில்', அதாவது இவளுக்கு வேலை தெரியும். ஒட்டினால் 'பெலும் தெராம்பில்', இவளுக்கு இன்னும் வேலை வரவில்லை. இரண்டே கட்டம்தான். ஏதோ ஒன்றில் டிக் விழும்.

யோசித்துப் பாருங்கள்... 61 மார்க் வெந்த கேக்கை யார் வாங்குவார்கள்? அதைப் பிறந்தநாள் பிள்ளைக்குக் கொடுக்க முடியுமா? குப்பைத்தொட்டிதான் அதற்கு இடம். என் கண்ணுக்கு 61 தெரியவே இல்லை. வேகாத 39 மட்டும்தான் தெரிந்தது.

போதாததற்கு, வகுப்பில் சேர்ந்த நாளிலிருந்தே எனக்கு உள்ளூர ஓர் உதறல். வேலை அனுபவத்தையும் திறன் சான்றிதழையும் வைத்துச் சேரலாம் என்று ஒரு வழி இருக்கிறது. நான் அந்த வழியாக நுழைந்தவள். முதல் சனிக்கிழமை ஒவ்வொருவராக எழுந்து அறிமுகம் செய்துகொண்டார்கள். எஸ்டிபிஎம், மெட்ரிகுலேஷன், டிப்ளோமா... என் முறை வந்தபோது "பேக்கரி சர்டிபிகேட்" என்றேன். எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

ஆகவே ஞாயிறு காலை நான் செய்த காரியம் என்ன தெரியுமா? எங்கள் விரிவுரையாளருக்கு வாட்ஸ்அப் அனுப்பினேன். மலாய்க்காரப் பெண், டாக்டர் பட்டம் வாங்கியவர், என்னைவிடப் பத்து வயது சின்னவர். 'மன்னிக்கவும் டாக்டர். எனக்குப் பல்கலைக்கழகத்தில் படிக்கிற அறிவு இல்லை. இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். நன்றி.'

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் தோசையிலிருந்து கண்ணை எடுக்காமல், "வேணாம்னா விடு லா. ஆனா பேப்பர்ல எழுதி ஊருக்கே சொன்னியே, அவங்களுக்கு என்ன சொல்லப் போற?" என்றார்.

அந்த மனிதருக்குக் கோபமே வராது. ஆளை மடக்குகிற கேள்வி மட்டும் சரியாக வரும்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அழுகை வந்தது. நாற்பத்து மூன்று வயதில், கையெல்லாம் மாவோடு, நின்றபடியே அழுதேன். எத்தனை வருட ஆசை! நீங்கள் எத்தனை பேர் வாழ்த்து அனுப்பியிருந்தீர்கள்! உங்கள் முகத்தில் எப்படி விழிப்பேன் என்பதைவிட, என் முகத்திலேயே எப்படி விழிப்பேன் என்பதுதான் பெரிய கவலையாக இருந்தது.

அழுதாலும் ஆர்டர் ஆர்டர்தானே? பத்து மணிக்கு ஒரு சாக்லேட் கேக் கொடுத்தாக வேண்டும். வெள்ளிக்கிழமை இரவு ஆர்டர் கொடுத்தது என் வகுப்பில் படிக்கும் தினேஷ். மேலே 'வாழ்த்துகள்' என்று எழுதச் சொல்லியிருந்தான்.

கிரீமைக் கையில் எடுத்தபோதுதான் பொறி தட்டியது. வெள்ளி மாலை மார்க் வருகிறது, வெள்ளி இரவு கேக் ஆர்டர் வருகிறது. எதற்கு வாழ்த்து? மார்க்குக்குத்தான்! தினேஷ் ஃபார்ம் சிக்ஸ் படித்துவிட்டு வந்தவன். வகுப்பில் வாயைத் திறந்தால் 'ஃப்ரேம்வர்க்' என்பான், 'கான்டெக்ஸ்ட்' என்பான். தொண்ணூறுக்கு ஒரு மார்க் குறைந்திருக்காது.

எவ்வளவு கொடுமை பாருங்கள். தோற்றவள் கையாலேயே ஜெயித்தவனுக்கு வாழ்த்து எழுத வேண்டியிருக்கிறது. பொறாமையாகத்தான் இருந்தது. ஆனாலும் எழுத்தை அழகாகவே எழுதினேன். தொழில் வேறு, துக்கம் வேறு.

பத்து மணிக்குச் சிரித்துக்கொண்டே வந்து நின்றான்.

"என்ன தினேஷ், எவ்வளவு வாங்குன? தொண்ணூறா?"

"தொண்ணூறா? அக்கா, காலங்காத்தால கிண்டல் பண்ணாதீங்க. 54 லா!"

நான் கேக்கைப் பார்த்தேன். அவனைப் பார்த்தேன்.

"54-க்கா கேக்கு?"

"பின்ன? பாஸாயிட்டேன்ல! எங்க வீட்ல யூனிவர்சிட்டி போன மொத ஆளு நான்தான்கா. இத எங்க ஊரு ஹுத்தான் மெலிந்தாங்குக்குக் கொண்டுபோய் வெட்டணும். எங்கம்மா நேத்தே பக்கத்து வீட்டுக்கெல்லாம் சொல்லிட்டாங்க."

"அந்த மிச்சம் 46 மார்க்கு?"

"அது எதுக்கு நமக்கு? அவங்களே வெச்சுக்கட்டும்."

எனக்குச் சிரிப்பு பீறிட்டு வந்தது. ஆனாலும் ஒரு சந்தேகம் அரித்துக்கொண்டே இருந்தது. கேட்டுவிட்டேன். "கிளாஸ்ல ஃப்ரேம்வர்க் ஃப்ரேம்வர்க்னு சொல்றியே... அது என்னன்னு உனக்கு முழுசா தெரியுமா?"

"பாதி தெரியும்கா. மீதி, பேசிக்கிட்டே போனா தானா வந்துரும்."

எவ்வளவு தைரியம்! பாதி வேகாததை அவன் வகுப்பில் கூச்சமே இல்லாமல் எடுத்து வைக்கிறான். விரிவுரையாளர் அதை அங்கே கொஞ்சம் இங்கே கொஞ்சம் வேக வைக்கிறார். அடுத்த வாரம் இன்னொரு கால்பங்கு வேகிறது. கல்லூரிப் படிப்பு என்பதே இதுதான் போலிருக்கிறது. நானோ முழுதாக வெந்த பிறகுதான் வாயைத் திறப்பேன் என்று இத்தனை வாரமாகக் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறேன். அறிவு கூடுதல் குறைச்சல் அல்ல சிக்கல். அரைகுறையாகத் தெரிந்ததை வெளியே காட்ட அவனுக்குப் பழக்கம் இருக்கிறது, எனக்கு இல்லை. அடுப்படியில் அந்தப் பழக்கம் வந்தால் கடையை இழுத்து மூட வேண்டியதுதான். வகுப்பில் அது வராவிட்டால் படிப்பையே மூட வேண்டியிருக்கும்!

"நீங்க எவ்வளவுக்கா?" என்றான்.

"61."

"அறுபத்தொண்ணா! அப்புறம் ஏன்கா எழவு வீட்டுக்குப் போயிட்டு வந்த மாதிரி இருக்கீங்க?"

சொன்னேன். டாக்டருக்கு அனுப்பிய செய்தியையும் சொன்னேன். அவன் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது.

"அய்யோ அக்கா! சீக்கிரம் அழிங்க, அழிங்க!"

மாவுக் கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு போனை எடுத்தேன். இரண்டு டிக்கும் நீலமாகியிருந்தன. கீழே அவர் ஏதோ டைப் செய்துகொண்டிருந்தார்.

அந்த ஒரு நிமிடம் இருக்கிறதே... நானும் அவனும் போனுக்கு மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு நின்றோம். சரி, உங்கள் முடிவை மதிக்கிறேன் என்று ஒரு வரி வந்துவிட்டால்? அதன் பிறகு எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு திரும்பப் போவது? படிப்பு வேண்டும் என்று அந்த நிமிடம் நான் ஆசைப்பட்ட அளவுக்கு, சேர்ந்த அன்றைக்குக்கூட ஆசைப்படவில்லை.

டைப்பிங் நின்றது. மறுபடி தொடங்கியது. தினேஷ் கேக் பெட்டியைக் கவுன்டரில் வைத்துவிட்டு, "கிரீம் இளகுனாலும் பரவால்ல, பார்த்துட்டே போறேன்" என்றான்.

பதில் வந்தது.

'மேடம், உங்களுக்குப் பல்கலைக்கழகத்தில் படிக்கிற அறிவு இல்லை என்று ஒரு கருத்தை எழுதியிருக்கிறீர்கள். யார் சொன்னது? எங்கே சொன்னது? ஆதாரம் காட்டாத கருத்தை நான் ஏற்றுக்கொள்வதில்லை. சனிக்கிழமை வகுப்புக்கு வரும்போது ஆதாரத்தைக் கொண்டுவாருங்கள்.'

தினேஷ் விழுந்து விழுந்து சிரித்தான். நான் சிரித்தேனா, அழுதேனா என்று தெரியவில்லை. "மாட்டிக்கிட்டீங்கக்கா! தேடுங்க, தேடுங்க" என்று சொல்லிவிட்டு கேக்கோடு கிளம்பிப் போனான்.

நானும் அந்த வாரம் முழுக்கத் தேடிப் பார்த்தேன். பள்ளி ஆசிரியர்கள் சொன்னார்களா? இல்லை. பயிற்சி மையத்தில்? இல்லை. வீட்டுக்காரர்? அவருக்கு அந்தத் தைரியம் ஏது! எப்படிக் கூட்டிக் கழித்துப் பார்த்தாலும், இத்தனை வருடமாக அதைச் சொல்லிக்கொண்டிருந்தது நான் ஒருத்திதான்...

சனிக்கிழமை வகுப்பில் டாக்டரிடம் அதையே சொல்லிப் பார்த்தேன். என்னையெல்லாம் ஆதாரமாக ஏற்க மாட்டார்களாம்!