கூடுதல் நேரம் தேவையில்லை

எங்கள் கல்லூரியில் மாற்றுத்திறனாளி மாணவர் நலப் பிரிவு என்று ஓர் அறை உண்டு. அதற்கு முன்பு அது விளையாட்டுச் சாமான்கள் போட்டுவைத்த அறை. மழை பெய்தால் இன்றைக்கும் பழைய ரப்பர் பந்து வாசனை அடிக்கும். நான் தமிழ்த்துறையைச் சேர்ந்தவள். ஆறு வருடங்களுக்கு முன்பு முதல்வர் என்னைக் கூப்பிட்டு, நீங்கள் பொறுமையாகப் பேசுகிறவர், இதையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஓர் ஆணையைக் கையில் கொடுத்தார். நான் பொறுமையாகப் பேசுகிறவள் என்று என் வீட்டில் சொன்னால் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். ஐந்து நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். போகும்போது தமிழ் ஆசிரியை, திரும்பி வரும்போது மாணவர் ஆலோசகர்.

வேலை என்று பார்த்தால் பெரும்பாலும் விண்ணப்பம்தான். கண் தெரியாத பிள்ளைகள் சொல்லச் சொல்லத் தேர்வு எழுத ஆள் தேட வேண்டும். மாடியில் இருக்கும் தேர்வு அறையைக் கீழே மாற்றக் கேட்க வேண்டும். நூலக வாசலில் சாய்தளம் கட்டக் கேட்டு எழுதிக்கொண்டே இருக்க வேண்டும். ஒவ்வொரு செமஸ்டருக்கும் எல்லாச் சான்றிதழையும் புதிதாக அனுப்பச் சொல்வார்கள். சூம்பிய கால் இந்த ஆறு மாதத்தில் சரியாகியிருக்குமோ என்று பல்கலைக்கழகத்துக்கு ஒரு சந்தேகம். இதற்கு நடுவில் வகுப்பு, விடைத்தாள், வருகைப் பதிவு. சாயங்காலம் அந்த அறையைப் பூட்டும்போது எனக்கு யார் முகத்தையும் பார்க்கப் பிடிக்காது. தொந்தரவு தராத பிள்ளைகளை எனக்கு அதிகம் பிடித்துப்போனதற்கு அந்தக் களைப்புதான் காரணம் என்று இப்போது தெரிகிறது.

அப்படி எனக்குப் பிடித்துப்போன பிள்ளை ஒருத்தி இருந்தாள். இளங்கலை வரலாறு. ஊர் குருவிகுளம் பக்கம், மெயின் ரோட்டிலிருந்து உள்ளே போக வேண்டும். பிறக்கும்போது மூளையில் ஏற்பட்ட பாதிப்பால் உடம்பின் வலது பக்கம் விறைத்திருக்கும். காலை இழுத்து நடப்பாள், பேச்சு கொஞ்சம் குழறும், கை எழுதும் ஆனால் மெதுவாக எழுதும். முதல் செமஸ்டரில் அவளுக்காக எழுத ஓர் ஆளை ஏற்பாடு செய்தேன். இவள் ஒன்று சொல்ல, அந்தப் பெண் இன்னொன்று எழுத, அறையே வேடிக்கை பார்த்ததாம். அதற்குப் பிறகு "நானே எழுதிக்கிடுதேன் மேடம்" என்று சொல்லிவிட்டாள். எனக்கு ஒரு வேலை மிச்சம் என்று நானும் விட்டுவிட்டேன்.

இவளைப் போன்றவர்களுக்கு மூன்று மணி நேரத் தேர்வில் ஒரு மணி நேரம் கூடுதலாக உண்டு. அந்த ஒரு மணி நேரமும் அறைக் கண்காணிப்பாளர் உட்கார்ந்திருக்க வேண்டும். பிள்ளை முன்னாலேயே எழுந்து போய்விட்டால், சலுகை கொடுத்தோமா இல்லையா என்று நாளைக்குத் தணிக்கையில் கேள்வி வரும். அதற்காக நான் ஒரு மாதிரிக் கடிதம் தயாரித்தேன். தமிழ் ஆசிரியை அல்லவா, ஒற்றுப் பிழை இல்லாமல் ஒரே வாக்கியத்தில் முடித்தேன். "தேர்வு எழுதப் போதிய நேரம் கிடைத்துவிட்டபடியால் எனக்குக் கூடுதல் நேரம் தேவையில்லை என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்." அதைத் தட்டச்சு செய்து, லேமினேட் போட்டு, கீழ்த்தளத் தேர்வு அறைகளில் ஆணியில் மாட்டினேன். சீக்கிரம் கிளம்புகிற பிள்ளை அதைப் பார்த்து ஒரு வெள்ளைத்தாளில் சொந்தக் கையால் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஆய்வுக்கு வந்த குழுவினர் இந்த ஏற்பாட்டைப் பாராட்டினார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

இந்தப் பிள்ளை மத்தியானத் தேர்வு ஒவ்வொன்றுக்கும் அந்தக் கடிதத்தை எழுதிக் கொடுத்தாள். கோணல் மாணலாக இருந்தாலும் ஓர் எழுத்து விடாமல் எழுதியிருப்பாள். அந்த ஒரு வாக்கியத்தை எழுத அவள் கைக்கு ஐந்தாறு நிமிடம் ஆகும் என்பதுகூட எனக்கு உறைக்கவில்லை. வாங்கிக் கோப்பில் வைத்தேன்.

மூன்றாம் வருடம் கடைசி செமஸ்டர் வந்தபோது அவளுக்கு மூன்று அரியர் இருந்தது. வரலாற்றுத் தாள்களில் எல்லாம் நல்ல மதிப்பெண். விழுந்தது இரண்டு ஆங்கிலமும் ஒரு துணைப்பாடமும். பி.எட். படிக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. இந்தத் தடவையும் பாஸாகவில்லை என்றால் படித்தது போதும், வீட்டோடு இரு என்று அம்மா சொல்லிவிட்டதாக என்னிடம் வந்து சொன்னாள். அப்பா இல்லை. அம்மா விடியுமுன் பிச்சிப்பூ பறிக்கப் போகிறவர். அவர் சொல்வதிலும் தப்பில்லை.

நான் உடனே கண்டுபிடித்துவிட்டேன். தமிழ் வழியில் படித்த கிராமத்துப் பிள்ளை, ஆங்கிலம் என்றால் பயம். பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடி அவளை நாற்காலியில் நிமிர்ந்து உட்காரவைத்து, மூச்சை உள்ளே இழு, நாலு வரை எண்ணு, வெளியே விடு என்றேன். தினமும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வந்து மூச்சு விட்டுப் போனாள். ஆங்கிலத்துறைத் தோழி ஒருத்தியிடமும் அனுப்பினேன். அவள் நான்கு நாள் பாடம் நடத்திவிட்டு, இவளுக்கு எல்லாம் தெரிகிறதே, எப்படி ஃபெயிலானாள் என்று என்னையே கேட்டாள். பயம்தான் என்று நான் உறுதியாகச் சொன்னேன்.

அந்த மூன்று தாளில் முதலாவது ஒரு திங்கட்கிழமை மத்தியானம் நடந்தது. வழக்கமாக நான் ஆறு மணிக்கு விடைத்தாள் கட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் வாசுதேவநல்லூர் பஸ்ஸைப் பிடிப்பேன். அன்றைக்கு மண்டை வெடிக்கிற மாதிரி தலைவலி. தோழியைக் கையெழுத்துப் போடச் சொல்லிவிட்டு நாலரைக்கே கிளம்பி, டீயோடு மாத்திரையைப் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்தேன். ஐந்தே காலுக்கு அந்தப் பிள்ளை வந்தாள். நடப்பதும் ஓடுவதுமாக, பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, முகமெல்லாம் வேர்வை. ஒரு மினி பஸ் உறுமிக்கொண்டு நின்றது. அவளைப் பார்த்ததும் கண்டக்டர் பின் சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு பழைய சோடாப் பெட்டியை எடுத்துப் படிக்குக் கீழே போட்டார். அவள் அதில் கால் வைத்து ஏறினாள். நான் ஆறு வருடமாக எழுதிக் கேட்டும் கிடைக்காத சாய்தளத்தை அவர் அரை நிமிடத்தில் போட்டுவிட்டார்.

ஜன்னல் வழியாக அவள் என்னைப் பார்த்துவிட்டாள். திருடி மாட்டிக்கொண்டவள் மாதிரி தலையைக் குனிந்துகொண்டாள். என் கழுத்தில் கல்லூரி அட்டை தொங்கியதைப் பார்த்துக் கண்டக்டர் பக்கத்தில் வந்தார்.

"மேடம், இந்தப் புள்ளைக்குப் பரீட்சைய மத்தியானம் வைக்காம காலைல வைக்கக் கூடாதா? ஒவ்வொரு தடவையும் பாதில போட்டுட்டு ஓடியாருது. இதை விட்டா ஊருக்குள்ள போற வண்டி கிடையாது. மெயின் ரோட்டுல இறங்கி இருட்டுக்குள்ள நடக்கணும். நான் ரெண்டு நிமிசம் நிப்பாட்டிப் பாக்கேன், அதுக்கு மேல நிப்பாட்டுனா பின்னால உள்ள வண்டிக்காரன் சண்டைக்கு வாரான்."

பெட்டியை எடுத்து உள்ளே போட்டுவிட்டு விசில் கொடுத்தார். வாசுதேவநல்லூர் பஸ் வந்தது, நிரம்பியது, போனது. நான் ஏறவில்லை. கல்லூரிக்குத் திரும்பி நடந்து, அறையைத் திறந்து, கோப்பை எடுத்தேன். வரலாறு உட்படக் காலைத் தாள் எல்லாம் தேர்ச்சி. மத்தியானத் தாள்களில் எளிதானவை தப்பித்திருந்தன, நிறைய எழுத வேண்டிய மூன்றும் போயிருந்தன. இதைக் கண்டுபிடிக்க எந்தப் பயிற்சியும் தேவையில்லை. கோப்பைத் திறந்து பார்த்திருந்தால் போதும்.

மறுநாள் அவளைக் கூப்பிட்டேன். என் மேல் இருந்த கோபத்தை அவள் மேல் காட்டினேன் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன்.

"ஏட்டி, மூணு வருசமா இங்கன வந்து போறியே, தெனமும் உக்காந்து மூச்சு விட்டியே, பஸ்ஸப் பத்தி ஒரு வார்த்த சொன்னியா?"

அவள் ரொம்ப நேரம் வாயைக் கூட்டிக் கூட்டிப் பேசினாள். நடுவில் நான் குறுக்கிடவில்லை.

"நேரம் வேணுமா வேண்டாமான்னுதான் கேட்டீங்க மேடம். வேணும்னு சொன்னா எப்படி வீட்டுக்குப் போவன்னு நீங்க கேக்கல. லெட்டர் நீங்க எழுதி மாட்டுனது. நான் பாத்துதான் எழுதுனேன்."

அடுத்த இரண்டு நாளும் நான் அலைந்தேன். தேர்வைக் காலைக்கு மாற்ற முடியாது, வினாத்தாள் கட்டை இரண்டு மணிக்குத்தான் பிரிக்க முடியும் என்று பல்கலைக்கழகத்தில் சொன்னார்கள். கல்லூரி விடுதியில் ஓர் இரவு தங்கவைக்க அவள் அம்மா சம்மதிக்கவில்லை. மினி பஸ் முதலாளி தன் நேரத்தை விட்டுக்கொடுக்க மாட்டார். கடைசியில் கல்லூரி வாசலில் நிற்கும் ஆட்டோவில், மீதி இரண்டு தேர்வுக்கும் நானே அவளோடு ஊர் வரைக்கும் போய்விட்டு வந்தேன். மூன்று வருடம் வெள்ளைத்தாளில் ஓடிக்கொண்டிருந்த பிரச்சினைக்கு ஓர் ஆட்டோ போதுமானதாக இருந்தது. அந்த இரண்டு நாளும் அவள் ஆறு மணி வரை எழுதினாள்.

முடிவு வந்தது. அந்த இரண்டிலும் தேர்ச்சி. திங்கட்கிழமை எழுதிய முதல் தாளில் ஃபெயில். எனக்குத் தலைவலி வந்த அன்றைக்கு அவள் பாதியில் எழுந்துபோன அதே தாள்.

அவள் வீட்டுக்குப் போய் அம்மாவிடம், தப்பு அவள் மேல் இல்லை, என் மேல், நவம்பர் தேர்வுக்கு ஒரே ஒரு தடவை அனுப்புங்கள் என்று கேட்டேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நீங்க என்ன செய்வீக மேடம், அவ வாயத் தொறந்து சொல்லிருக்கணும்லா" என்று சொல்லி எனக்குக் காப்பி போட்டார். அனுப்புவதாகச் சொன்னார், இதுதான் கடைசி என்றும் சொன்னார்.

பிறகு கோப்பில் இருந்த மற்றக் கடிதங்களையும் எடுத்து, எழுதியவர்களை ஒவ்வொருவராகப் போனில் கூப்பிட்டேன். சில எண்கள் உபயோகத்தில் இல்லை. படிப்பை விட்டுவிட்டுக் கடையநல்லூரில் ஜவுளிக்கடைக் கணக்கு எழுதும் ஒருவன் மட்டும் நிதானமாகப் பேசினான். சக்கர நாற்காலியில் வந்துகொண்டிருந்தவன். ஐந்து மணிக்குக் கீழ்த்தளக் கழிப்பறையைப் பூட்டிவிடுவார்கள், அதற்கு மேல் அடக்கிக்கொண்டு எப்படி மேடம் எழுதுவது என்றான். இப்போது எதற்கு அதெல்லாம் என்று அவனே பேச்சை மாற்றி, என் உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்தான்.

நவம்பரில் அவள் வந்தாள். இந்தத் தடவை அம்மாவும் கூட வந்து, ஆட்டோவிலேயே வாசலில் காத்திருந்தார். பழைய மாணவி என்பதால் என் பொறுப்பில் அவள் பெயர் கிடையாது. பின்கட்டில் வேறு ஓர் அறை ஒதுக்கியிருந்தார்கள். ஐந்து அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது நான் அந்த வராந்தாவில் போய் நின்றேன். அவள் கடிதம் எழுதுகிற நேரம் அதுதான். ஜன்னல் வழியாகப் பார்த்தால் அந்த லேமினேட் அட்டை இன்னும் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. எல்லா அறையிலும் எடுத்துவிட்டதாக நினைத்திருந்தேன். இந்த அறையை மறந்துபோயிருக்கிறேன்.

அவள் கையைத் தூக்கினாள். கண்காணிப்பாளர் நெடுநாள் பழக்கத்தில், என்ன ஏது என்று கேட்காமல், ஒரு வெள்ளைத்தாளையும் ஆணியிலிருந்து கழற்றிய அட்டையையும் கொண்டுபோய் அவள் முன்னால் வைத்தார்.

அவள் அட்டையைத் திருப்பிக் கொடுத்தாள்.

"இது வேண்டாம் சார். அடிஷனல் ஷீட் குடுங்க."

மூன்று வருடத்தில் பஸ்ஸுக்காக ஓடிய எந்த மத்தியானத் தேர்விலும் அவளுக்கு அடிஷனல் ஷீட் வாங்கத் தேவை வந்ததில்லை. அவர் கொடுத்ததை வாங்கி, இடது கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மேலே தன் பதிவெண்ணை மெதுவாக எழுத ஆரம்பித்தாள். நான் உள்ளே போய், கண்காணிப்பாளர் கையிலிருந்த அட்டையை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.