நாய்க்கு நான் போட்ட லாரி முடிச்சு

போன தை மாதம், பொங்கல் முடிந்த மறுவாரம். எடப்பாடிக்கு மேற்கே காவிரியில் நடந்தது இது. அக்கரையில் இருக்கும் மாமியார் வீட்டுக்கு நானும் மனைவியும் பரிசலில் கிளம்பினோம். கூடவே எங்கள் நாய். என் மனைவி ஊரில் இல்லையென்றால் அது சோற்றைத் தொடாது. நான் இல்லையென்றால் வழக்கத்தைவிட ஒரு பிடி அதிகமாகவே சாப்பிடும்.

நான் இருபது வருஷம் லாரி ஓட்டியவன். முட்டை லோடு ஏற்றிக்கொண்டு கேரளா வரைக்கும் போயிருக்கிறேன்; நான் போட்ட கட்டு ஒருநாளும் நழுவியதில்லை. அந்தத் திமிர் எனக்கு உண்டு. வீட்டில் கேஸ் சிலிண்டரைக்கூட ஜன்னல் கம்பியோடு கட்டித்தான் வைத்திருக்கிறேன்.

பரிசல் ஓட்டியது ஒரு அம்மா. எங்களுக்கு லைஃப் ஜாக்கெட் கொடுத்துவிட்டு, நாய்க்கும் குழந்தைகளுக்கான சின்ன ஜாக்கெட் ஒன்றை மாட்டிவிட்டார். கால் வழுக்காமல் இருக்க நடுவில் சாக்கு விரித்து அதை உட்கார வைத்தார். நான் பையிலிருந்து நைலான் கயிற்றை எடுத்தேன்.

"ஏனுங்ணா, கட்டாதீங்க. தண்ணியில உழுந்தா நீஞ்சற சீவனுங்கூடக் கட்டோட முழுகிப்போயிரும். ஜாக்கெட்டக் கையில புடிச்சுக்கங்க, போதும்" என்றார்.

சரியென்று தலையாட்டினேன். ஆனால் கட்டாத லோடோடு கிளம்ப எனக்கு மனசு வரவில்லை. அவர் துடுப்பை எடுக்கத் திரும்பியதும் ஒரு முனையை நாயின் ஜாக்கெட்டில் முடிந்து, மறுமுனையை என் இடுப்பில் சுற்றி லாரி முடிச்சுப் போட்டு, சட்டையை இழுத்து மறைத்துக்கொண்டேன். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதைதான்.

பாதி ஆறு தாண்டியிருப்போம். எதிரே ஒரு பரிசலில் மேச்சேரி ஆட்டுக்கிடாய் ஒன்று ஒய்யாரமாக நின்றுகொண்டு வந்தது. நாய் அதைப் பார்த்தது, ஒரே பாய்ச்சல். அது பாய்ந்தது எனக்குத் தெரியும். நான் பாய்ந்தது எனக்கே தெரியாது.

மூச்சு வாங்கித் தலையைத் தூக்கினால், பரிசல் சுழன்றதில் அதற்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் நாய், நடுவில் பரிசலுக்கு அடியில் கயிறு. நான் அசைந்தால் அது உள்ளே இழுபட்டது. மூக்கு தெரியும், மறையும். முடிச்சை அவிழ்க்கப் பார்த்தேன். நனைந்த லாரி முடிச்சு இறுகியதே தவிர இளகவில்லை. நான் போட்ட கட்டு இவ்வளவு நன்றாக இருக்கிறதே என்று வாழ்க்கையில் முதல்முறையாக அழுதேன்.

"ஐயோ, இடுப்புல கட்டியிருக்கேனுங்க!" என்று கத்தினேன்.

அந்த அம்மா துடுப்பைக் கீழே வைத்தார். வலை அறுக்கும் கத்தியை எடுத்து, குனிந்து கயிற்றில் ஒரே இழுப்பு. ஜாக்கெட்டின் பிடியைப் பற்றி நாயை உள்ளே தூக்கிப் போட்டார்.

"ஏஞ்சாமி, ஒண்ணும் ஆகலியே?" என்று மனைவி அலறினாள்.

"ஆகல, ஆகல" என்றேன். அவள் நாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

என்னை ஏற்றினால் பரிசல் கவிழும் என்பதால் விளிம்பைப் பிடித்துக்கொண்டே கரை வரைக்கும் வரச் சொன்னார் அந்த அம்மா. நாய் சாக்கில் உட்கார்ந்து என்னை எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தது. எதிர்ப் பரிசலிலிருந்து கிடாயும் பார்த்தது.

மாமியார் வீட்டு வாசலில், சொட்டச் சொட்ட நனைந்து, இடுப்பில் கயிறு தொங்க நின்றேன். மாமியார் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு மகளிடம், "ஏஞ்சாமி, மாப்ளையக் கட்டியா இழுத்துட்டு வந்தே?" என்றார். முடிச்சு கடைசிவரை அவிழவில்லை, அரிவாள்மனையில்தான் அறுத்தோம்.

இரண்டு நாள் கழித்து அதே அம்மாவின் பரிசலில்தான் திரும்பினோம். கயிற்றை எடுக்கவேயில்லை. நாயின் ஜாக்கெட் பிடியைக் கையில் பற்றிக்கொண்டு உட்கார்ந்தேன். உள்ளே அதன் நெஞ்சு படபடவென்று அடித்தது என் விரலுக்குத் தெரிந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. இக்கரை சேரும்வரை பிடியை நான் விடவில்லை. நாயும் என் கையை உதறவில்லை.

இன்றும் லோடு கட்டுகிறேன், சிலிண்டரையும் கட்டித்தான் வைத்திருக்கிறேன். ஆனால் உயிருள்ள எதையாவது பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டுமென்று தோன்றும்போதெல்லாம், அங்கே கயிறு இருக்கிறதா என்று என் கை முதலில் இடுப்பைத்தான் தடவிப் பார்க்கிறது.